கைவினைப் பிரிவின் ஆண்டறிக்கை 2025: ஈஸ்டர் கிளைக்கொத்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, கைவினைப் பிரிவின் அம்மாமார், அக்காமார், தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கோடை விழாவுக்கு மாலை கட்டியது, நவராத்திரி மண்டப அலங்காரம், தைப்பொங்கல் கோலம் ஆகியவை வழமைபோல் நடந்தேறின. அவற்றின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஈஸ்டர் கிளைக்கொத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஜேர்மனியில் நம் பிள்ளைகள் கிண்டர்கார்டனில் சேர்ந்த முதல் வசந்தத்திலேயே வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இது. சாடியில் சில கிளைகள், அவற்றில் தொங்கும் வண்ண முட்டைகள், அவ்வளவுதான் பார்வைக்கு. ஆனால் மொட்டு விரியவில்லை, முட்டை உடைகிறது, நாற்றம் வருகிறது என்று பெற்றோர் ஆண்டுதோறும் கேட்பதால், செய்முறையை எழுத்தில் தரும்படி சபை கேட்டுக்கொண்டது.

தேதியைப் பார்த்துக் கிளை

மார்ச் 21 அன்றோ அதன் பின்போ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் அது வரலாம். 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. இந்த மூன்று வார வித்தியாசத்தைக் கவனிக்காமல் எல்லா ஆண்டும் ஒரே கிளையைத் தேடுவதுதான் பாதிக் கொத்துகள் சோபிக்காததற்குக் காரணம். ஈஸ்டர் முந்தி வந்தால், வெளியே இன்னும் மூடியிருக்கும் மொட்டை வீட்டுச் சூட்டில் விரியவைக்க வேண்டும். பிந்தி வந்தால் வெளியே பூத்து முடிந்த செடியை விட்டுவிட்டு, அப்போதுதான் தளிர்விடும் மரத்துக்குப் போக வேண்டும்.

முந்தி வரும் ஈஸ்டருக்கு ஃபோர்சித்தியாவுக்கு நிகர் இல்லை. மஞ்சள் பூக்களால் வேலி ஓரங்களை நிறைக்கும் அந்தச் செடிதான். மார்ச் நடுவில், மொட்டின் நுனியில் மஞ்சள் இலேசாகத் தெரியும்போது வெட்டினால், வீட்டுக்குள் ஒரு வாரம் முதல் பத்து நாளில் பூக்கும். பெப்ரவரியிலேயே வெட்டினால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பூ கடந்த ஆண்டு வளர்ந்த கொம்பில்தான் வரும் என்பதால், செடியை முந்தைய இலையுதிர்காலத்தில் ஒட்ட வெட்டியவர்களுக்கு வசந்தத்தில் பூ கிடைக்காது. பூத்து முடிந்த பிறகே வெட்ட வேண்டும். தோட்டங்களில் உள்ள கலப்பின ஃபோர்சித்தியாவில் தேனீக்கு உணவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆகவே அதிலிருந்து நாலு கொம்பு எடுப்பதில் மனம் உறுத்த வேண்டியதில்லை.

ஆப்பிள், செர்ரிக் கிளைகள் பிந்திய ஈஸ்டருக்கு உரியவை. ஆப்பிளில் ஒரு நுணுக்கம் உண்டு. மரத்தின் நடுவிலிருந்து நெட்டுக்குத்தாக, வழவழவென்று உயரும் இளங்கொம்புகள் பார்க்க நேராக அழகாக இருக்கும். அவற்றில் இலை மொட்டு மட்டுமே இருக்கும், பூக்காது. பழைய கொம்பில் குட்டையான, சுருக்கம் விழுந்த கணுக்கள் இருக்கும். அவற்றின் நுனியில் உருண்டு திரண்டு, இலேசான மயிர் படிந்திருப்பதே பூமொட்டு. இலைமொட்டு மெலிந்து, கூராக, கொம்போடு ஒட்டிக் கிடக்கும். விரலால் தடவிப் பார்த்தால் போதும், இரண்டும் பிடிபட்டுவிடும். தோட்டத்துண்டு வைத்திருப்போர் பெப்ரவரியில் ஆப்பிள் மரம் கழிக்கும்போது, கழிவில் இந்தக் கணுக் கொம்புகளை மட்டும் பொறுக்கி, குளிரான நிலவறையில் வாளித் தண்ணீரில் வைத்துக்கொள்ளலாம். சூடான அறைக்குக் கொண்டுவந்த பின் பூக்க மூன்று நான்கு வாரம் வேண்டும்.

பூவே வேண்டாம், இளம்பச்சை போதும் என்போருக்கு பேர்ச் மரக்கிளை நல்லது. சுவீடனில் ஈஸ்டருக்கு பேர்ச் குச்சிகளில் சாயமிட்ட கோழியிறகுகளைக் கட்டுவார்கள். முட்டையில் துளையிட்டு உள்ளிருக்கும் கருவை ஊதி வெளியேற்ற நேரமில்லாத வீடுகளுக்கு அது கைகொடுக்கும். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் மட்டும் பேர்ச்சையும் ஹாசலையும் வைக்க வேண்டாம். முறுக்குக் கொம்பு ஹாசல் எடுப்பான தோற்றம் உள்ளது. ஆனால் அதன் தொங்கும் பூச்சரம் சூடான அறையில் ஒரே நாளில் அவிழ்ந்து மேசைவிரிப்பு முழுவதும் மஞ்சள் தூளைக் கொட்டும்.

வில்லோ மொட்டுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பனையோ தென்னையோ இல்லாத இந்த நாட்டில், குருத்தோலை ஞாயிறு அன்று கத்தோலிக்கக் கோவில்களில் மந்திரிக்கப்படும் கட்டுகளில் ஓலைக்குப் பதிலாக இருப்பது சாம்பல் நிறப் பஞ்சு மொட்டுள்ள இந்த வில்லோதான். குளிர்கால முடிவில் தேனீக்களுக்குக் கிடைக்கும் முதல் உணவும் இதுவே. இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை வேலி, புதர்களை ஒட்ட வெட்டக் கூடாது. மென்மையாகக் கழித்துவிடுவதற்கு மட்டும் இடம் உண்டு. சொந்தத் தேவைக்கு ஒரு கைப்பிடி அளவு கிளை எடுப்பதை அதே பிரிவு அனுமதிக்கிறது. நம் பிரிவின் கைவினைப் பட்டறைக்கு வரும் எல்லோருக்குமாக வாய்க்கால் கரையில் வெட்டுவது சொந்தத் தேவை ஆகாது. ஆகவே சங்கத் தேவைக்கான வில்லோ சந்தையிலோ தோட்டக்கடையிலோ வாங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெட்டிய பின்

கொம்பின் நீளம் 60 முதல் 80 சென்டிமீட்டர். 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரச் சாடிக்கு ஐந்து முதல் ஏழு கொம்பு போதும். அதற்கு மேல் திணித்தால் முட்டை தொங்க இடைவெளி இருக்காது. அடியைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, உடனே இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும். அடியைச் சுத்தியலால் நசுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுங்கள். நசுங்கிய இழைகள் நீரை இழுக்காமல் அழுகி, நீரையும் கெடுக்கும். நீருக்குள் மூழ்கும் மொட்டுகள் அனைத்தையும் கிள்ளிவிட வேண்டும்.

இந்த மரங்களின் மொட்டு, போதிய குளிரைக் கண்ட பிறகே விரியும். குளிர்காலம் மிதமாகப் போன ஆண்டில் கிளையை ஒரு இரவு டீப்ஃப்ரீசரில் வைத்து, பிறகு குளியல் தொட்டியில் இளஞ்சூட்டு நீரில் சில மணி நேரம் முழுதாக அமிழ்த்தி எடுத்தால் பலன் தெரியும். டிசம்பர் 4இல் புனித பார்பரா நாளில் செர்ரிக் கிளை வெட்டி நத்தாருக்குப் பூக்கவைப்போர் செய்வதும் இதையே.

சாடி கனமாக இருக்கட்டும். கண்ணாடிச் சாடியானால் அடியில் இரண்டு கைப்பிடி கூழாங்கல் போடுங்கள். முட்டைகள் ஒரு பக்கம் கூடினாலும் கவிழாது. நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் மொட்டு விரியாமலே காய்ந்து உதிரும். பழுத்த வாழைப்பழம், மாம்பழம் உள்ள தட்டையும் தள்ளி வையுங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பூவின் ஆயுளைக் குறைக்கும். மஞ்சள் நார்சிசஸ் பூவைக் கிளைகளோடு ஒரே சாடியில் சொருகுவோர் பலர். அதன் வெட்டுவாயிலிருந்து வடியும் வழவழப்பு மற்றப் பூக்களைக் கெடுக்கும். தனிச் சாடியே சரி. வில்லோவை மட்டும் நீரின்றி வெறும் சாடியில் வைத்தால், மொட்டு மலராமல் வெள்ளிப் பஞ்சாகவே மாதக்கணக்கில் நிற்கும். மொட்டு காயாதிருக்க நீர் தெளிப்பதானால் முட்டை கட்டுவதற்கு முன்பே தெளியுங்கள். பிறகு தெளித்தால் சாயம் வழியும்.

முட்டை

அவித்த முட்டையைக் கிளையில் கட்டக் கூடாது. முழு முட்டை ஏறக்குறைய 60 கிராம். ஊதிய வெறுங்கோது அதில் பத்தில் ஒரு பங்கு. மெல்லிய நுனிக் கொம்பு தாங்குவது கோதை மட்டுமே. பிளாஸ்டிக் முட்டை மழைக்கும் காற்றுக்கும் வெளியே தொங்கவிட ஏற்றது. வீட்டுக்குள் கோதுதான் அழகு, ஒரு சிறு காற்றுக்கே திரும்பி ஆடும்.

வெள்ளை முட்டைகளுக்கு ஈஸ்டர் நெருங்க நெருங்கக் கடையில் தட்டுப்பாடு வரும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கோதில் அச்சிட்ட சிவப்பு இலக்கத்தைப் பஞ்சில் நனைத்த வினாகிரியால் துடைத்து, உடனே நீரில் கழுவுங்கள். ஊறவிட்டால் கோது அரிக்கப்பட்டு அந்த இடத்தில் சாயம் திட்டாகப் பிடிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊத வேண்டாம், வெள்ளைக்கரு இறுகியிருக்கும். அறைச்சூட்டுக்கு வந்த பின் கழுவித் துடைத்து, இரு முனையிலும் சிறு ஒட்டுநாடாத் துண்டை ஒட்டுங்கள், வெடிப்பு ஓடாது. தடித்த ஊசியை அழுத்தாமல் திருகித் திருகித் துளையிடுங்கள். தொங்கும்போது அகன்ற பக்கம் கீழே இருப்பதே நன்று. ஆகவே நூல் கட்டும் கூரான முனையில் 3 முதல் 4 மில்லிமீட்டரும், அகன்ற முனையில் அதில் பாதியும் போதும். நீண்ட ஊசியை உள்ளே விட்டு மஞ்சட்கருவின் சவ்வைக் கிழித்துக் கலக்க வேண்டும். உடைபவற்றில் பெரும்பாலானவை இதைச் செய்யாமல் மூச்சைப் பிடித்து ஊதியதால் உடைபவை. வாயால் ஊதுவதை நம் பட்டறையில் நிறுத்தியாயிற்று, சால்மொனெல்லா பயம் காரணமாக. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சைச் சிறு துளையில் பொருத்தி, காற்றை மெதுவாகத் தள்ளினால் கரு தானாக இறங்கும். இறங்கிய கருவை அன்றே நன்றாக வேகவைத்து உண்ண வேண்டும். வெங்காயம், பச்சைமிளகாய் போட்ட முட்டைப் பொரியலாக அது பட்டறை முடிவிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்த படியைத் தவறவிடுபவர்கள்தான் நாற்றம் என்று முறையிடுகிறார்கள். சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டு நீரை சிரிஞ்சால் உள்ளே செலுத்திக் குலுக்கி, தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். பெரிய துளை கீழே இருக்கும்படி ஒரு நாள் வடியவிட்டு, 100 பாகை வெப்பமுள்ள அடுப்பில் பத்து நிமிடம் உலர்த்துங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைக்கரு காய்ந்துவிட்டால் பிறகு கெடாது.

சாயத்துக்கு நம் சமையலறையே போதும். ஒரு லீற்றர் நீரில் எட்டுப் பத்து வெங்காயத்தின் காய்ந்த தோலை அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் செம்பழுப்பு. மூன்று மேசைக்கரண்டி மஞ்சள் தூள் பளீர் மஞ்சள். அரைச் சிவப்புக் கோவாவும் இரண்டு கரண்டி வினாகிரியும் நீலம். பீட்ரூட் நிறம் சில நாளில் வெளிறும், நான் பரிந்துரைக்க மாட்டேன். வடித்து, முழுதும் ஆறவைத்த பிறகே கோதுகளைப் போட வேண்டும். கோது மிதக்கும், சிறு பீங்கான் தட்டொன்றைக் கவிழ்த்து அமுக்கி, இரவு முழுதும் விடுங்கள். எடுத்ததும் உள்ளே புகுந்த சாயத்தைக் குலுக்கி ஊற்றிவிடாவிட்டால், தொங்கும்போது துளிதுளியாக வடிந்து கோடு விழும்.

கைத்திறமை உள்ளவர்களுக்கு கிழக்கு ஜேர்மனியின் லவுசிட்ஸ் பகுதியின் சோர்பிய மக்கள் செய்யும் மெழுகு முறையைச் சொல்லித்தந்தோம். பத்திக் துணி தெரிந்த நம்மவர்களுக்கு இது உடனே பிடிபட்டது. வாத்திறகின் நுனியை முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டி, உருகிய தேன்மெழுகில் தோய்த்துக் கோதில் ஒற்றுவது. புள்ளிக்கு குண்டூசித் தலை. மெழுகு கோதில் கண்ணாடிபோல் தெளிவாகப் படிந்தால் சூடு சரி. வெண்மையாக மங்கிப் படிந்தால் ஆறிவிட்டது என்று பொருள், சாயத்தில் உரிந்துபோகும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு சாயத்துக்கும் பிறகு அடுத்த ஒற்று. கடைசியில் மெழுகுதிரிச் சுடரின் பக்கவாட்டில் பிடித்து உருக்கித் துணியால் துடையுங்கள். சுடருக்கு நேர் மேலே பிடித்தால் கரி படியும்.

கட்டுவதற்கு நெருப்புக்குச்சிதான் சிறந்தது. தலையை வெட்டிவிட்டு 2 சென்டிமீட்டர் துண்டின் நடுவில் நூலை இறுகக் கட்டி, குச்சியை நெட்டாகத் துளைக்குள் விட்டு நூலை மெல்ல இழுத்தால் குச்சி உள்ளே குறுக்காகத் திரும்பி நிற்கும். அதைவிட நீளமானால் உள்ளே திரும்பாது, குட்டையானால் வெளியே வந்துவிடும். கொத்துக்கு ஒரு டசன் முட்டை அளவானது. பெரியவை கீழ்க் கொம்புகளில், சிறியவை நுனியில். நூலின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடட்டும்.

பண்டிகை முடிந்ததும் கோதுகளை மெல்லிய தாளில் சுற்றி முட்டை அட்டையில் அடுக்கி, வீட்டுக்குள் உலர்ந்த அலுமாரியில் வையுங்கள். நிலவறை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கவனமாகச் சேர்த்தால் எவ்வளவு பெருகும் என்பதற்கு தூரிங்கனின் சால்ஃபெல்டு நகரில் ஃபோல்கர் கிராஃப்ட் குடும்பத்தின் ஆப்பிள் மரம் சாட்சி. 1965இல் 18 பிளாஸ்டிக் முட்டைகளோடு தொடங்கியது, 2012இல் 10,000 முட்டைகள் தொங்கின. 2015 வரை அந்தக் குடும்பமே கட்டிவந்தது. கோவிலில் மந்திரித்த கிளைகளைக் குப்பையில் போட வேண்டாம். குருத்தோலையைப் போலவே அடுத்த திருநீற்றுப் புதன் சாம்பலுக்காகக் கோவிலில் ஒப்படைக்கலாம்.

2026க்கான ஏற்பாடு

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு மார்ச் 29. ஆகவே இது ஃபோர்சித்தியா ஆண்டு. ஆப்பிள் கழிப்போர் பெப்ரவரி முடிவதற்குள் கணுக் கொம்புகளை எடுத்து வைத்து, மார்ச் முதல் வாரத்தில் அறைக்குள் கொண்டுவர வேண்டும். ஃபோர்சித்தியா வெட்டுவது மார்ச் 24ஐ ஒட்டி, மொட்டின் நிலை பார்த்து. வெளியே அதற்குள் விரியத் தொடங்கியிருந்தால் வீட்டின் குளிரான அறையில் வைத்துத் தாமதப்படுத்தலாம். வெங்காயத் தோலை இன்றிலிருந்தே கடதாசிப் பையில் சேர்த்து வாருங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சணம் பிடிக்கும். சிரிஞ்சுகளையும் தேன்மெழுகையும் பிரிவின் செலவில் வாங்கவும், வில்லோவைச் சந்தையில் மட்டும் வாங்கவும் பொதுச்சபை ஒப்புதல் தர வேண்டும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
கைவினைப் பிரிவு