ஏழாம் இடத்தில் 58 புள்ளி, நான்காம் இடத்தில் 56: ஸ்காட்லாந்து லீக்கின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1998-க்குப் பிறகு முதல்முறையாக ஸ்காட்லாந்து ஆண்கள் அணி உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. 2025 நவம்பர் 18 அன்று ஹாம்ப்டன் பார்க்கில் டென்மார்க்கை 4-2 என வென்ற அந்த இரவுக்குப் பிறகு, அந்நாட்டுக் கால்பந்து பற்றிய செய்திகள் தமிழ் விளையாட்டுப் பக்கங்களிலும் வரத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சி. ஆனால் அந்நாட்டின் உச்ச லீக்கான ஸ்காட்டிஷ் பிரீமியர்ஷிப்பின் புள்ளிப்பட்டியலை வெளியிடும்போது அது எப்படி உருவாகிறது என்பதையும் விளக்கியாக வேண்டும். விளக்காவிட்டால், சீசன் முடிவில் ஏழாம் இடத்து அணிக்கு ஆறாம் இடத்து அணியைவிட அதிகப் புள்ளி இருப்பதைப் பார்க்கும் வாசகர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். 2005-06-ல் இன்வர்னெஸ் காலிடோனியன் திசில் 58 புள்ளிகளுடன் ஏழாவதாக முடித்தது. நான்காவதாக வந்த ஹிபர்னியனுக்கு 56 புள்ளிதான்.

காரணம் இதுதான். பிரீமியர்ஷிப்பில் 12 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற 11 அணிகளோடு மூன்று முறை மோதும். ஆக 33 ஆட்டம். அதோடு பட்டியல் இரண்டாக வெட்டப்படுகிறது. முதல் ஆறு அணிகள் தங்களுக்குள் தலா ஐந்து ஆட்டம், கடைசி ஆறு அணிகள் தங்களுக்குள் தலா ஐந்து ஆட்டம் ஆடும். மொத்தம் 38. வெட்டிய பிறகு எவ்வளவு புள்ளி சேர்த்தாலும் கீழ்ப் பாதியில் இருக்கும் அணி ஏழாம் இடத்துக்கு மேல் போக முடியாது. 2000-01-ல் லீக் பத்து அணியிலிருந்து பன்னிரண்டாகப் பெருத்தபோது வந்த ஏற்பாடு இது. பன்னிரண்டு அணிகள் நான்கு முறை மோதினால் 44 ஆட்டம் ஆகிவிடும். எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் அப்படி ஆடிப் பார்த்துக் களைத்துப் போனவர்கள்தான் அவர்கள்.

புள்ளிக் குழப்பத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சொந்த மைதானக் கணக்கு. மூன்று முறை மோதுவது என்றால், ஓர் எதிரணியோடு இரண்டு ஆட்டம் இங்கே, ஒன்று அங்கே, இல்லையென்றால் தலைகீழாக. எடின்பரோவின் இரு அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் 33 ஆட்டங்களுக்குள் ஹார்ட்ஸ், ஹிபர்னியனைத் தன் மைதானமான டைன்காசிலில் இரண்டு முறையும் ஹிபர்னியனின் மைதானமான ஈஸ்டர் ரோட்டில் ஒரு முறையும் சந்தித்துவிட்டது என்று வையுங்கள். இரண்டும் ஒரே பாதியில் முடித்தால், நான்காவது ஆட்டம் ஈஸ்டர் ரோட்டில் நடப்பதுதான் நியாயம். அப்படி நடக்குமா என்பது ஹார்ட்ஸோடு அந்தப் பாதிக்கு வரும் மற்ற நான்கு அணிகள் யார் என்பதைப் பொறுத்தது. 33 ஆட்டங்களில் ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 16 அல்லது 17 ஆட்டம் கிடைத்திருக்கும். கடைசி ஐந்தில் மூன்றோ இரண்டோ கொடுத்து 19-க்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டுக்கு இரண்டு என்றும் அமைய வேண்டும். இரண்டும் ஒருசேர அமைய வேண்டுமானால், எந்த ஆறு அணிகள் மேலே வரும் என்பது அட்டவணை போடும்போதே தெரிந்திருக்க வேண்டும். அட்டவணை போடுவதோ சீசன் தொடங்குவதற்கு முன்னால்.

ஆகவே போன வருட இடங்களை வைத்து ஊகிக்கிறார்கள். ஊகம் பிசகும் வருடங்களில் ஏதாவது ஓர் அணி ஒரே மைதானத்துக்கு மூன்றாம் முறை போகிறது. அல்லது ஓர் அணிக்குச் சொந்த மைதானத்தில் 20, வெளியே 18; இன்னொன்றுக்கு 18, 20 என்று முடிகிறது. சின்ன அணி எதிர்பாராமல் நன்றாக ஆடி மேல் பாதிக்கு வரும்போதுதான் ஊகம் பிசகும். லீக்குக்கு உயிர் கொடுக்கும் அணியால்தான் அட்டவணை கோணுகிறது என்பது எவ்வளவு பெரிய அநியாயம்! நுழைவுக் கட்டணம் முழுவதும் சொந்த மைதான அணிக்கே போவதால், ஒரு ஆட்டம் குறைவது பணத்திலும் அடி.

இவ்வளவு கோளாறு இருந்தும் ஏன் மாற்றவில்லை? செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் நான்கு முறை மோத வேண்டும் என்பதால்தான். 1985-ல் அலெக்ஸ் ஃபெர்குசனின் அபர்டீன் வென்றதற்குப் பிறகு 2025 வரை, நாற்பது சீசன்களிலும் பட்டம் இந்த இருவரிடமே. 2025 முடிவில் இருவரும் தலா 55 பட்டங்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் முதலில் கேட்பது இவர்கள் மோதும் ஆட்டங்களைத்தான். 16 அணிகள் இருமுறை மோதி 30 ஆட்டம், 18 அணிகள் இருமுறை மோதி 34 ஆட்டம் என்று யார் திட்டம் கொண்டுவந்தாலும், அந்த நான்கு ஆட்டம் இரண்டாகக் குறைகிறது. பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது தடை வாக்கெடுப்பு. 2013 ஏப்ரலில் லீக்கை 12-12-18 அணிகள் கொண்ட மூன்று அடுக்குகளாக மாற்றி, மேல் இரண்டு அடுக்குகளின் 24 அணிகளை 22 ஆட்டங்களுக்குப் பிறகு எட்டு எட்டாக மூன்று குழுக்களாகப் பிரிக்கும் திட்டம் மேல் லீக்கின் 12 அணிகளிடம் வந்தது. பத்து அணிகள் ஆதரித்தன. செயின்ட் மிர்ரனும் ராஸ் கவுண்டியும் எதிர்த்தன. பன்னிரண்டில் பதினொன்று வேண்டும் என்பது விதி, திட்டம் செத்தது. அதே ஆண்டில் மேல் லீக்கையும் கீழ் லீக்குகளையும் தனித்தனியே நடத்திய இரண்டு அமைப்புகளும் இணைந்து, எல்லா அடுக்குகளையும் நடத்தும் இன்றைய எஸ்.பி.எஃப்.எல். பிறந்தாலும், ஆட்டமுறையில் பழையதே தொடர்ந்தது. 2020-ல் கொரோனாவால் சீசன் பாதியில் நின்று, ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளி என்ற கணக்கில் ஹார்ட்ஸ், பார்ட்டிக் திசில், ஸ்ட்ரான்ரேர் ஆகியவை கீழே தள்ளப்பட்டபோது நான்கு அடுக்குகளையும் 14-10-10-10 அணிகளாக்கும் யோசனை எழுந்தது. அதுவும் நிறைவேறவில்லை.

அந்தப் 14 என்ற எண்ணைத்தான் மறுபடி எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 14 அணிகள் இருமுறை மோதினால் 26 ஆட்டம், சொந்த மைதானத்தில் 13, வெளியே 13. பிறகு முதல் ஆறு அணிகள் தங்களுக்குள் மறுபடி இருமுறை மோதினால் இன்னும் 10. மொத்தம் 36; சரிபாதி 18, 18. ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாம் கட்ட அட்டவணையை முதல் கட்டம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் முதல் ஆறுக்குள் இருக்கும்வரை நான்கு மோதல்கள் அப்படியே இருக்கும்.

சிக்கல் கீழே உள்ள எட்டு அணிகளுக்குத்தான். அவை தங்களுக்குள் இருமுறை மோதினால் 14 ஆட்டம் சேர்ந்து 40 ஆகிறது. ஜூலையிலேயே லீக் கோப்பைப் பிரிவு ஆட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. ஜனவரியில் உறைபனியால் ஆட்டங்கள் தள்ளிப்போகும். அதனால் மார்ச், ஏப்ரலில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வரும். ஒரு முறை மட்டும் மோதினால் போதும் என்றால் 33-ல் முடியும். ஆனால் ஏழு ஆட்டத்தில் சிலருக்கு நான்கு, சிலருக்கு மூன்று சொந்த மைதானம் என்று பழைய நோய் திரும்பிவிடும். 40-ஐயே ஏற்கலாம். 44 ஆடிய நாடு அது. இப்போது மாற்று ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையும் அதிகம். இன்னொரு இழப்பையும் மறைக்கக் கூடாது: கீழ்ப் பாதி அணிகளுக்கு இப்போது செல்டிக்கோடும் ரேஞ்சர்ஸோடும் தலா மூன்று ஆட்டம், 14 அணி முறையில் இரண்டே. பெருங்கூட்டம் வரும் ஒரு நாளை இழப்பது மதர்வெல், செயின்ட் மிர்ரன் போன்றவற்றுக்கு உண்மையான நஷ்டம். லீக் வருமானத்தின் பங்கீட்டில் 7 முதல் 14 வரையிலான இடங்களுக்கு அதை ஈடுகட்டாமல் திட்டத்தை முன்வைத்தால் 2013 போலவே தோற்கும்.

மேலே ஏறும் வழியும் அகலமாக வேண்டும். இப்போது இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பில் முதலிடம் பெறும் ஒரே அணிக்குத்தான் நேரடி உயர்வு. இரண்டாம், மூன்றாம், நான்காம் அணிகள் தங்களுக்குள் பிளே-ஆஃப் ஆடி, வென்றது பிரீமியர்ஷிப்பின் 11-ஆம் அணியோடு மோதும். மூன்றாம், நான்காம் அணிகள் மேலே வர ஆறு ஆட்டம் ஆட வேண்டும். 11-ஆம் அணிக்கு இரண்டே ஆட்டம், நடுவில் ஓய்வும் உண்டு. 2023-ல் நான்காவதாக வந்த பார்ட்டிக் திசில், குயின்ஸ் பார்க்கையும் ஏர் யுனைடெட்டையும் கோல் மழையில் வீழ்த்திவிட்டு ராஸ் கவுண்டியைச் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் 2-0. ராஸ் கவுண்டியின் ஊரான டிங்வாலில் நடந்த இரண்டாவதிலும் முதல் கோல் அவர்களுடையதே, மொத்தத்தில் 3-0. ஆட்டம் முடிய ஏறத்தாழ இருபது நிமிடம் இருக்கும்போது கால்கள் தளர்ந்தன. ராஸ் கவுண்டி மூன்று கோல் போட்டுச் சமன் செய்து, பெனால்டியில் தப்பியது. 2014 முதல் 2025 வரை நடந்த 11 பிளே-ஆஃப்களில் கீழிருந்து வந்து வென்றவை நான்கு முறைதான்: 2014-ல் ஹாமில்டன், 2018-ல் லிவிங்ஸ்டன், 2021-ல் டண்டீ, 2025-ல் மறுபடி லிவிங்ஸ்டன். 14 அணியாக்கி, கடைசி இரண்டை நேரடியாக இறக்கி, 12-ஆம் அணியை மட்டும் பிளே-ஆஃப்புக்கு அனுப்பினால் இந்தக் கழுத்து நெரிசல் தளரும்.

நான்கு அடுக்குகளிலும் சேர்த்து மொத்தம் 42 அணிகள் என்பதால் 14, 14, 14 என மூன்று அடுக்காகவே மீதியின்றிப் பிரிக்கலாம். கீழ் அடுக்குகளில் பெரும்பாலானோர் பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுபவர்கள். பத்து அணி லீக்கில் நான்கு முறை மோதுவதால், 2024-25-ல் தென்மேற்கு மூலையிலுள்ள ஸ்ட்ரான்ரேர் அணி வடகிழக்குக் கடற்கரையின் பீட்டர்ஹெட்டுக்கு ஒரே சீசனில் இரண்டு தடவை பயணிக்க நேர்ந்தது. பிரிக்கும்வரை ஒரே தடவை என்றாவது குறையும்.

அடித்தட்டின் கதவையும் திறந்து வைக்க வேண்டும். 2014-15 முதல், நான்கு அடுக்குகளுக்கும் கீழே உள்ள வட்டார லீக்குகளான ஹைலேண்ட் லீக், லோலேண்ட் லீக் சாம்பியன்கள் மோதி, வென்றவர் நான்காம் அடுக்கான லீக் டூவின் கடைசி அணியோடு மோதும் முறை வந்தது. அந்த வழியாகத்தான் 2016-ல் எடின்பரோ சிட்டி, 2019-ல் கோவ் ரேஞ்சர்ஸ், 2021-ல் கெல்டி ஹார்ட்ஸ், 2023-ல் ஸ்பார்ட்டன்ஸ், 2025-ல் ஈஸ்ட் கில்பிரைட் என அணிகள் உள்ளே வந்தன. வந்த அணிகளில் கோவ் ரேஞ்சர்ஸ் மூன்றே வருடத்தில் சாம்பியன்ஷிப் வரை ஏறியது. தன் லீக்கை வென்ற அணிக்கு நேரடி இடம் கொடுக்கத் தயங்க இனிக் காரணமில்லை.

உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஸ்காட்லாந்துப் பட்டியலை அச்சிடும்போது ஆறாம் அணிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். 33-ஆம் ஆட்டத்துக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது என்று ஒரு வரியும் சேருங்கள். புள்ளியோடு, சொந்த மைதானத்தில் எத்தனை, வெளியே எத்தனை என்ற இரண்டு எண்களும் இருந்தால், எந்த அணிக்கு 20, எந்த அணிக்கு 18 என்பது வாசகருக்கே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்