வாக்குகளை வெளியிடுங்கள்: பேக்-12 பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான பேக்-12 கான்ஃபரன்ஸின் பன்னிரண்டு மகளிர் கூடைப்பந்துத் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும், கான்ஃபரன்ஸ் அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2023-24 பருவத்தின் சிறந்த வீராங்கனையாக ஸ்டான்ஃபோர்டின் கேமரன் பிரிங்கை நீங்கள் அறிவித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கோபம் ஆறட்டும், பருவமும் முடியட்டும் என்று காத்திருந்தேன். இப்போது 2024 ஏப்ரல் மாதம்; பருவம் முடிந்துவிட்டது, என் கருத்து மாறவில்லை. அந்த விருது தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் (யூஎஸ்சி) ஜூஜூ வாட்கின்ஸுக்குச் சேர வேண்டியது. நடந்த தேர்வை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களில் யார் யாருக்கு வாக்களித்தீர்கள், எதை எடைபோட்டு வாக்களித்தீர்கள் என்பதை வெளியிடுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

பிரிங்கின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஸ்டான்ஃபோர்டிலிருந்து அரை மணி நேரப் பயணத் தூரத்தில் குடியிருப்பவன் நான். நான்கு ஆண்டுகளாக அவருடைய ஆட்டத்தைப் பார்த்து வருகிறேன். ஆட்டத்துக்கு 17.4 புள்ளி, 11.9 ரீபவுண்ட் (தவறிய வீச்சில் கைப்பற்றிய பந்து), 3.7 பிளாக் (எதிரணியின் வீச்சைத் தடுத்தது) என்பது எந்த ஆண்டிலும் விருதுக்குத் தகுதியான கணக்குதான். அவர் கூடைக்கு அடியில் நிற்கிறார் என்று தெரிந்தாலே எதிரணியினர் உள்ளே நுழையத் தயங்குவார்கள். கான்ஃபரன்ஸில் 15 வெற்றி, 3 தோல்வி என்று ஸ்டான்ஃபோர்ட் முதலிடம் பிடித்ததில் அவருடைய பங்கு பெரியது. அந்தத் தடுப்பாட்டத்துக்காகவே தனியாக இருக்கும் விருதையும் அவருக்கே கொடுத்தீர்கள். அதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் பிப்ரவரி 2ஆம் தேதி இரவை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அன்று ஸ்டான்ஃபோர்டின் மேப்பிள்ஸ் அரங்கில் என் மகளுடன் உட்கார்ந்திருந்தேன். பத்து வயதாகும் அவள் பள்ளி அணியில் ஆடுகிறாள். எந்த ஆட்டத்துக்குப் போனாலும் ஒரு கோடு போட்ட நோட்டையும் பென்சிலையும் எடுத்து வருவாள். ஒரு புள்ளிக்கு ஒரு கோடு, ஐந்து கோட்டுக்கு ஒரு கட்டு என்பது அவள் கணக்கு. அன்று யூஎஸ்சி பக்கத்தை இரண்டாகப் பிரித்து, வலப்புறம் ஜூஜூ என்றும் இடப்புறம் மற்றவர்கள் என்றும் எழுதிக்கொண்டாள். ஆட்டம் முடிந்தபோது இடப்புறத்தில் மூன்று கட்டும் ஒரு கோடும் இருந்தன. வலப்புறத்தில் பத்துக் கட்டும் ஒரு கோடும் இருந்தன. அணி எடுத்த 67 புள்ளிகளில் 51 ஒருவருடையது, மற்ற எல்லாருமாகச் சேர்ந்து எடுத்தவை 16. நாட்டின் தரவரிசையில் நான்காவது இடத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்ட், சொந்த அரங்கில், பிரிங்கைக் களத்தில் வைத்துக்கொண்டு 58 புள்ளி எடுத்துத் தோற்றது. யூஎஸ்சி வரலாற்றிலேயே ஒரே ஆட்டத்தில் ஒருவர் எடுத்த அதிகபட்சப் புள்ளி அந்த 51தான்.

அந்த 51இல் 17 புள்ளிகள் ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சில்) வந்தவை. வீசியது 19, தவறியது இரண்டு. இந்த எண்ணை நீங்கள் மற்றவர்களைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். 19 முறை அந்தக் கோட்டில் நிற்க வேண்டுமென்றால், அதற்கு முன் எத்தனை முறை இடித்தும் இழுத்தும் தள்ளியும் அவரைத் தடுக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இருவர் சூழ்ந்துகொள்வார்கள், மூன்றாமவர் கை நீட்டுவார். அவர் தரையில் விழுவார், சக வீராங்கனைகள் கைகொடுத்துத் தூக்குவார்கள், நெற்றிக்கு மேலே அள்ளி முடிந்த கொண்டை குலையாமல் நடந்து போய், சத்தமிடும் எதிரணி ரசிகர்களுக்கு முன்னால் பந்தைத் தரையில் தட்டிவிட்டு வீசுவார். அடுத்த தடவையும் அதேதான். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நடந்ததல்ல இது. பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் பருவம் முழுவதும், எதிரணிப் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் தன்னை நிறுத்துவதற்காகவே வகுத்த திட்டத்துக்கு எதிராக ஆடினார். அந்தத் திட்டங்களை வகுத்தவர்கள் நீங்கள். அவரை நிறுத்த எவ்வளவு பாடுபட்டீர்கள் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? வாக்குச் சீட்டில் அந்த அனுபவம் எங்கே போயிற்று என்பதே என் கேள்வி.

அவர் அதிகம் வீசினார், அதனால் அதிகம் எடுத்தார் என்று சொல்லப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். உண்மைதான், வீசியவற்றில் பாதிக்கு மேல் தவறின. ஆனால் அந்த அணி எப்படி அமைந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹார்வர்டிலிருந்து மெக்கென்சி ஃபோர்ப்ஸ், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து கெய்லா படில்லா, கொலம்பியாவிலிருந்து கெய்ட்லின் டேவிஸ் என்று ஐவி லீக் கல்லூரிகளில் படிப்பை முடித்துவிட்டு ஒரே ஆண்டுக்காக வந்து சேர்ந்தவர்கள் அவரோடு ஆடினார்கள். நல்ல ஆட்டக்காரர்கள், நிதானமானவர்கள். ஆனால் நேரம் தீரும்போது யாரும் இல்லாத இடத்தில் ஒரு வாய்ப்பை உருவாக்கும் வேலை ஏறக்குறைய ஒவ்வொரு தடவையும் வாட்கின்ஸின் கைக்கே வந்தது. ஆட்டத்துக்கு 27.1 புள்ளி, 7.3 ரீபவுண்ட் என்று பருவத்தை முடித்தார். 34 ஆட்டங்களில் 920 புள்ளி. கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் உச்சப் பிரிவான முதல் டிவிஷன் வரலாற்றில் முதலாண்டு மாணவி எவரும் அவ்வளவு எடுத்ததில்லை.

இங்கேதான் எனக்குள்ள சந்தேகத்தை மரியாதையோடு, ஆனால் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். அவர் முதலாண்டு மாணவி, அந்தப் பிரிவுக்கென்று ஒரு விருது இருக்கிறது, அதைக் கொடுத்தோம், பெரிய விருதுக்கு அவருக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன என்ற நினைப்பு உங்களில் சிலருக்காவது இருந்திருக்கும் என்று அஞ்சுகிறேன். ஆண்கள் ஆட்டத்தில் இந்த நினைப்புக்கு இடமே இல்லை, ஏனென்றால் சிறந்தவர்கள் ஓராண்டில் ஆண்கள் தொழில்முறை லீக்கான என்பிஏ-வுக்குப் போய்விடுகிறார்கள். 2007இல் கெவின் டுரான்ட், 2012இல் ஆன்டனி டேவிஸ், 2019இல் ஸையன் வில்லியம்சன் ஆகியோர் தத்தம் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரர் விருதை முதலாண்டிலேயே பெற்றார்கள்; யாரும் அவர்களைக் காத்திருக்கச் சொல்லவில்லை. மகளிர் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ-வின் விதிப்படி அமெரிக்க மாணவிகள் பொதுவாக 22 வயதாகும் ஆண்டுவரை கல்லூரியில் இருந்தாக வேண்டும். அந்த விதி அவர்களுடைய வருமானத்தைத் தள்ளிப்போடுவது போதாதென்று, அவர்களுக்குரிய மரியாதையையும் நாம் தள்ளிப்போட வேண்டுமா? இதே பருவத்தில் ஏசிசி கான்ஃபரன்ஸிலும் நோட்ர டேமின் முதலாண்டு மாணவி ஹானா ஹிடால்கோவுக்குப் புதுமுக விருதும் தடுப்பாட்ட விருதும் போயின, முதன்மை விருது ஐந்தாம் ஆண்டு ஆடிய எலிசபெத் கிட்லிக்குப் போயிற்று. கிட்லியும் தகுதியானவர்தான். ஆனால் ஒரே வசந்தத்தில் இரண்டு கான்ஃபரன்ஸ்களில் இது நடக்கும்போது, வயதுக்குத் தனியாக ஒரு மதிப்பெண் போடப்படுகிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் கான்ஃபரன்ஸுக்கே இதில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 2005இல், பேக்-10 என்று பெயர் இருந்த நாளில், ஸ்டான்ஃபோர்டின் கேண்டிஸ் விகின்ஸ் முதலாண்டு மாணவியாக இருந்தபோதே இந்த விருதைப் பெற்றார். அப்போது சரியாகப்பட்டது இப்போது ஏன் சரியாகப்படவில்லை என்பதை நீங்கள்தான் விளக்க முடியும்.

வாட்கின்ஸின் முறை பிறகு வரும் என்ற வாதம் இந்தக் கான்ஃபரன்ஸில் செல்லாது என்பதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். ஆகஸ்டில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறுகின்றன. யூஎஸ்சி, யூசிஎல்ஏ, ஆரிகன், வாஷிங்டன் ஆகியவை பிக் டென் கான்ஃபரன்ஸுக்கும், ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஏசிசி-க்கும், மற்ற நான்கும் பிக் 12-க்கும் போகின்றன. மிஞ்சுவது ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். 1915இல் தொடங்கிய ஒரு மரபு தொலைக்காட்சி ஒப்பந்தப் பணத்துக்காக உடைகிறது. கடற்கரையை ஒட்டி இரண்டு மணி நேரத்தில் பறந்து போய் ஆடிவிட்டு வந்த மாணவிகள், இனி வகுப்புகளை விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்கும் வட கரோலினாவுக்கும் பறக்கப் போகிறார்கள். இதில் அவர்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை. உங்களையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த வருத்தத்தை உங்கள் மேல் சுமத்துவது நியாயமல்ல. ஆனால் உங்கள் கையில் இருந்த ஒன்று இந்த வாக்கு. வாட்கின்ஸுக்கு இந்தக் கான்ஃபரன்ஸில் இன்னொரு பருவம் இல்லை.

எதிர்த்தரப்புக்கு உரியதையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 10 அன்று லாஸ் வேகஸில் நடந்த பேக்-12 போட்டியின் இறுதியாட்டத்தில் வாட்கின்ஸ் 9 புள்ளிதான் எடுத்தார், வீசியவை விழவில்லை. ஃபோர்ப்ஸின் 26 புள்ளிகளால் யூஎஸ்சி 74-61 என்று ஸ்டான்ஃபோர்டை வென்றது. இதை உங்கள் தேர்வுக்கு ஆதரவாகச் சிலர் காட்டுகிறார்கள். ஆனால் வாக்குகள் அதற்கு முன்பே எண்ணப்பட்டுவிட்டன. தவிர, அன்றும் வாட்கின்ஸைச் சுற்றியே ஸ்டான்ஃபோர்ட் வீராங்கனைகள் குவிந்தார்கள். ஃபோர்ப்ஸுக்கு இடம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

என்பிஏ பத்தாண்டுகளாகத் தன் விருதுகளுக்கு ஒவ்வொருவரும் அளித்த வாக்கைப் பெயரோடு வெளியிடுகிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் வாக்களிக்கும் செய்தியாளர்களின் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் அந்த வாக்காளர்களுடைய மதிப்பு குறையவில்லை. பன்னிரண்டு சீட்டுகளை வெளியிட ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரி காரணம் இருந்தால் என்னைப் போன்றவர்கள் மாற்றுக் கருத்தோடாவது மதித்துப் படிப்போம்.

ஆகவே, கான்ஃபரன்ஸ் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஆவணங்களைப் பெட்டியில் கட்டுவதற்கு முன், ஆகஸ்டுக்குள், அந்த வாக்குகளை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். புதிய கான்ஃபரன்ஸ்களுக்குப் போகும் பயிற்சியாளர்கள் அங்கும் திறந்த வாக்கு முறையைக் கோரினால் நன்றியுடையவனாக இருப்பேன். என் மகள் அந்தப் பிப்ரவரிப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறாள். ஜூஜூவுக்கு ஏன் விருது இல்லை என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் உங்களிடம் இருக்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேப்பிள்ஸ் அரங்கின் நெடுநாள் ரசிகன்