நம் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான செயலாளர் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

சங்கப் பட்டியலின்படி வடசென்னையில் நம் உறுப்பினர்கள் 63 பேர். இதில் ஏரியா பத்திரிகை நடத்துபவர்கள், மாத இதழ்காரர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், எந்த நிறுவனத்திலும் இல்லாமல் செய்தி எழுதுபவர்கள் எல்லாரும் உண்டு. செயற்குழு ஏழு முறை கூடியது. இரண்டு முறை போதுமான பேர் வராததால் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

மே மாதம் டோல்கேட் அருகில் நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். ஜூனில் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் 40 பேருக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. நவம்பர் 16 தேசியப் பத்திரிகை தினத்தன்று ராயபுரத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது, நல்ல கூட்டம்.

இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி ஒரே வேலைக்குப் போனது. அரசு அலுவலகங்கள் நடத்தும் பிரஸ் மீட்டில் நம்மைப் போன்ற சிறு ஊடகத்தாருக்கும் உட்கார இடம் வேண்டும், கேள்வி கேட்க வாய்ப்பு வேண்டும் என்ற வேலை. இதைச் சங்கத்தின் வேலை என்று எழுதினாலும், அலைந்தது தலைவரும், திருவொற்றியூர் தம்பி ஒருவரும், நானும்தான். அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ‘இது செயலாளர் தன் பெருமைக்குச் செய்கிற வேலை’ என்று சென்ற பொதுக்குழுவிலேயே ஒருவர் சொன்னார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. அடுத்த சில நாட்கள் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளியால் எண்ணெயை அள்ளியதை நாம் எல்லாரும் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வீடுகளுக்குள்ளேயே வந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த மூன்றிலும் முதலில் போய் நின்றவர்கள் யார்? அங்கேயே குடியிருக்கும் நம் ஆட்கள். ஆனால் மறுநாள் அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கம் சொன்ன அறைக்குள் நம் ஆட்களில் ஒருவரும் இல்லை.

கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 கோடையில் தினமும் மாலை எண்ணிக்கை சொல்வார்கள். சென்னை மண்டலங்களில் ராயபுரம் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது. அறையில் கேட்கப்பட்ட கேள்விகள் பெரும்பாலும் மாநிலத்தின் மொத்தக் கணக்கைப் பற்றியவை. அது தவறில்லை, பெரிய பத்திரிகைக்குப் பெரிய கணக்குத்தான் வேண்டும். ஆனால் தகரம் அடித்த தெருவுக்குப் பால் எப்படி வரும், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற 30 குடும்பமும் எப்படித் தனித்திருப்பது என்று கேட்க அந்தத் தெருவில் இருப்பவன்தான் வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பெரிய ஊடகத்தாரின் இடத்தை நாம் பிடுங்கவில்லை. அவர்களுக்குத் தோன்றாத கேள்வி நம்மிடம் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் 5, 6ஆவது மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு 13 நாள் போராட்டத்தில் இருந்தார்கள். நம் உறுப்பினர்கள் நாலு பேர் மாற்றி மாற்றி அங்கே இருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவு அவர்களை அப்புறப்படுத்தியபோதும் நம் ஆள் ஒருவர் படம் எடுத்தார். நடைபாதையில் நிற்பதற்கு யாரும் பத்திரிகையாளர் அட்டை கேட்பதில்லை. எந்த அலுவலகமானாலும் உள்ளே போகிற கதவில்தான் அட்டை கேட்கிறார்கள்.

அந்த அட்டை எப்படிக் கிடைக்கும் என்று விசாரித்தோம். மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு அங்கீகார விதிகளின்படி, முழுநேரப் பத்திரிகையாளருக்கு 5 ஆண்டு அனுபவம் வேண்டும். சுயேச்சைப் பத்திரிகையாளருக்கு 15 ஆண்டு. வியாசர்பாடியில் 26 வயதில் கைப்பேசியோடு தொடங்கிய நம் தங்கைக்கு அந்தக் கணக்கில் 41 வயதில்தான் கதவு திறக்கும். மாநிலத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறை தனியாக அட்டை கொடுக்கிறது. அதற்கும் நம்மில் பலர் விண்ணப்பம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையத்தில் செய்தி போடுபவர்களையும் வெளியீட்டாளர் என்று கணக்கில் எடுத்து, நெறிமுறை, புகார் அதிகாரி என்று எல்லாம் விதித்தன. சில பிரிவுகளை நீதிமன்றங்கள் நிறுத்தி வைத்திருக்கின்றன, சரி. ஆனால் பொறுப்பைச் சுமத்தும்போது நம்மை ஊடகம் என்று ஒப்புக்கொண்டவர்கள், கேள்வி கேட்கப் போகும்போதும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாமா?

ஜூன் மாதம் ஓர் அலுவலகத்துக்கு மனு கொடுத்தோம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. இப்போது அவர்களோடு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. மனு எழுத எனக்கு ஆறு வாரம் ஆனது. வெளியூர்களில் இது எப்படி நடந்தது என்று படித்துச் சேர்த்தேன். அமெரிக்காவில் ராபர்ட் ஷெரில் என்ற பத்திரிகையாளருக்கு வெள்ளை மாளிகையில் அனுமதி மறுத்தார்கள். 1977இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது: அனுமதிக்கு என்ன தகுதி என்பதை எழுதி வெளியிட வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மறுக்கப்பட்டவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். எல்லாரையும் உள்ளே விடு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. நாமும் அப்படிக் கேட்கவில்லை. தகுதியை எழுதி ஒட்டுங்கள், அதற்குள் வருகிறவரை விடுங்கள் என்றுதான் கேட்டோம்.

ஜப்பானில் பத்திரிகையாளர் மன்றத்தில் சேர்ந்தவர்களுக்குத்தான் அமைச்சரின் சந்திப்பு என்று வெகுகாலமாக வழக்கம். 2009இல் ஆட்சி மாறியதும் வெளியுறவு அமைச்சர் கட்சுயா ஒகாடா தன் சந்திப்பை மன்றத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் திறந்துவிட்டார். அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை, ஓர் அமைச்சரின் மனம் போதுமாக இருந்தது. அதையும் மனுவில் எழுதினேன்.

நம் ஊர் வழக்கும் ஒன்று உண்டு. பம்பாயிலிருந்து வந்த ஒரு சின்ன ஆங்கில வார இதழை மதராஸ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய அரசு தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26இல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அச்சிட்டால் மட்டும் போதாது, அது மக்கள் கைக்குப் போய்ச் சேர்வதும் கருத்துச் சுதந்திரத்தில் சேர்ந்தது என்பதுதான் அதன் சாரம். அது பிரஸ் மீட் பற்றிய தீர்ப்பு இல்லை, அதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. ஆனால் சின்னப் பத்திரிகைதானே என்று ஒதுக்கிய ஒன்றுதான் நாட்டுக்கே வழி திறந்தது என்பதை அதிகாரிகளுக்கு நினைவுபடுத்த விரும்பினேன்.

மனுவுக்குப் பதில் இல்லை. 10 ரூபாய் முத்திரை வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம்: யார் யாருக்கு அனுமதி, எந்த விதியின்படி? 30 நாள் கடந்தது. முதல் மேல்முறையீடு போட்டோம். அதன் பிறகு வந்த பதில் இரண்டே வரி. எழுத்தில் விதி எதுவும் இல்லை, நடைமுறைப்படி அழைக்கிறோம் என்று. அந்த இரண்டு வரிதான் நமக்கு உதவியது. விதி இல்லை என்றால் நம்மைத் தடுக்கவும் விதி இல்லையே என்று தலைவரும் நானும் நேரில் போய்ப் பேசினோம். நாலாவது முறை போனபோது அந்த அலுவலகத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் (பி.ஆர்.ஓ.) உட்காரச் சொன்னார்.

அவர் சொன்ன மறுப்பை மறைக்காமல் இங்கே வைக்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. “உங்களை விடுகிறேன் சார். நாளைக்கு பைக்கில் பிரஸ் என்று ஒட்டிக்கொண்டு, வீடு கட்டுகிறவனிடம் காசு பிடுங்குகிற ஆள் வந்து நிற்பான். அவனை நான் எப்படிப் பிரிப்பது?” என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர்களால்தான் 2024 மே மாதம் போக்குவரத்துக் காவல்துறை தனியார் வாகனங்களில் இப்படி ஒட்டிக்கொள்வதற்கே நடவடிக்கை எடுத்தது. அறையும் சின்னது, 25 நாற்காலிதான் போடலாம்.

பிரிக்கிற வேலையை நாங்களே செய்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கே தொடங்கியதுதான் உறுப்பினர் பதிவேடு. ஒவ்வொருவரும் கடைசி ஆறு மாதத்தில் வெளியிட்ட 12 செய்திகளின் நகல், தவறு வந்தால் திருத்தம் போடுவேன் என்ற உறுதி, எந்தச் சந்திப்பிலும் கவர், அதாவது உறையில் வைத்துக் கொடுக்கும் பணம், வாங்க மாட்டேன் என்ற கையெழுத்து. இவ்வளவுதான் கேட்டேன். மூன்று முறை குழுவில் செய்தி போட்டேன், தனித்தனியாகப் போன் செய்தேன். 63 பேரில் முழுதாகக் கொடுத்தவர்கள் 19 பேர்.

கவர் பற்றிய வரியை எடுத்துவிடச் சொல்லி ஐந்து பேர் கேட்டார்கள். பெட்ரோல் காசுகூடக் கிடைக்காமல் எப்படிப் போவது என்றார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எண்ணூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. ஆனால் கவர் வாங்கிய கையை உயர்த்திக் கேள்வி கேட்க முடியாது. அந்த வரியை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். அதற்குப் பதிலாகச் சங்கத்திலிருந்து பயணப்படி 150 ரூபாய் தரச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் அனுமதி வந்தது. மாதம் ஒரு சந்திப்புக்குப் பதிவேட்டில் உள்ள இரண்டு பேர், சுழற்சி முறையில், ஆறு மாதம் சோதனையாக. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்டோபரில் மணலி உறுப்பினரும் வியாசர்பாடித் தங்கையும் போனார்கள். தங்கை, மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் பள்ளிக்கூட வாசலில் நாலு மாதமாகத் திறந்தே கிடக்கிறது என்று தெருப் பெயரோடு கேட்டார். அதிகாரி குறித்துக்கொண்டார். ஒன்பது நாளில் மூடி போட்டார்கள். பெரிய பத்திரிகை எதிலும் அது வரவில்லை, வரவும் தேவையில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதுதான் அந்த மாதத்தின் தலைப்புச் செய்தி.

நவம்பரில் நடந்ததைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முறை வந்த இருவரும் போகவில்லை. ஒருவர் கல்யாண வீடு என்றார். இன்னொருவர் போனை எடுக்கவே இல்லை. காலை 11:10க்கு பி.ஆர்.ஓ. எனக்குப் போன் செய்தார்: “சார், உங்கள் இரண்டு நாற்காலியும் காலியாக இருக்கிறது.” நான் அப்போது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது சந்திப்பு முடிந்திருந்தது. ஆறு மாதம் அலைந்து வாங்கிய நாற்காலி.

டிசம்பரில் நானே போனேன். அதற்குத்தான் ‘செயலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்’ என்று குழுவில் எழுதினார்கள். முறை வந்தவருக்கு முந்தின நாள் மூன்று தடவை போன் செய்து, பதில் வராத பிறகுதான் போனேன். விவரத்தைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன், யாரும் பார்க்கலாம்.

2020 பிப்ரவரியில் லண்டனில் பிரதமர் அலுவலகத்தில் செய்தியாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்தவரை மட்டும் இருக்கச் சொன்னார்கள். இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்களும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டார்கள். அதைப் படித்த நாளில் நம் சங்கத்தைத்தான் நினைத்தேன். நம்மை யாராவது வெளியே நிறுத்தினால் கூட வருவதற்கு, முதலில் நாம் உள்ளே போயிருக்க வேண்டும்.

கணக்கு விஷயம். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 27 பேர் முழுதாகக் கட்டியிருக்கிறார்கள், சிலர் பாதி கொடுத்திருக்கிறார்கள், மற்றவர்கள் பாக்கி. இரண்டு ஆண்டுப் பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்கச் சொன்னார்கள்; நான் வாசிக்கவில்லை. வாடகை, மின்கட்டணம், முகாம் செலவு, நகல், தபால் எல்லாம் போகக் கையில் ஓரளவு இருப்பு இருக்கிறது. முழு வரவு செலவைப் பொருளாளர் மார்ச்சுக்குப் பிறகு தணிக்கை செய்து, 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளருக்கு அனுப்புவார்.

கூட்டம் நடத்த இடம் கொடுத்த மண்டப உரிமையாளருக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், நோட்டுப் புத்தகம் கொடுத்தவர்களுக்கும், கொடி கட்டிய தம்பிகளுக்கும், தலைவருக்கும் நன்றி. போனை எடுத்த எல்லாருக்கும் நன்றி.

சோதனை அனுமதி மார்ச் மாதச் சந்திப்போடு முடிகிறது. ஜனவரி முறையும் முடிந்துவிட்டது. எர்ணாவூர் உறுப்பினர் ஒருவர் மட்டும் போய் வந்தார். இன்னும் இரண்டே சந்திப்புகள். அந்த நாற்காலிகள் நிரம்பியிருந்தால் நீட்டிப்பு கேட்க எனக்கு வாய் இருக்கும். பதிவேட்டில் 30 பேராவது இருந்தால் அடுத்ததாக மண்டல அலுவலகங்களுக்கும் மனு கொடுக்கலாம், வரைவு தயாராகவே இருக்கிறது. என் பதவிக்காலம் முடிகிறது. வேறு யார் செயலாளராக வந்தாலும் கோப்பு முழுவதையும் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் நான் இருக்கத் தயார், ஆனால் தனியாக இல்லை.

பதிவேட்டுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே. பொருளாளர் இரவு எட்டு மணி வரை இருப்பார். பிப்ரவரி முறைக்குப் பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுத்துவிடுங்கள். நாளை காலை நான் பி.ஆர்.ஓ.விடம் இரண்டு பெயர் சொல்ல வேண்டும்.

செயலாளர்