இனி பேட்ஜில் ஊக்கு இல்லை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து நம் பிள்ளைகள் அணியும் பேட்ஜ்களில் ஊக்கோ ஊசியோ இருக்காது. பள்ளிச் சின்னம், வகுப்புத் தலைவர், அணித் தலைவர், நூலகப் பொறுப்பாளர் என்று நாம் கொடுக்கும் எல்லா பேட்ஜுக்கும் இது பொருந்தும். சாரணர் இயக்கம், ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) சின்னங்கள் அந்தந்த அமைப்பின் விதிப்படி அணியப்படுபவை. அவற்றில் நாங்கள் கை வைக்கவில்லை. புதிய பேட்ஜை மாட்டுவதற்குப் பிள்ளைகளின் சட்டையில் ஒரு சின்னத் தையல் வேலை இருக்கிறது. அதற்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும். போன பெற்றோர் கூட்டத்தில் "ஒரு பேட்ஜுக்கு இத்தனை யோசனையா டீச்சர்?" என்று சிலர் கேட்டதால், காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டில் பழைய பேட்ஜ் இருந்தால் திருப்பிப் பாருங்கள். தகரத் தட்டின் பின்னால் ஒரு கம்பி இருக்கும். அதன் ஒரு முனை தட்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கூரான மறுமுனை ஒரு சிறிய வளைவுக்குள் போய் உட்காரும். அந்த வளைவுக்கு மூடி கிடையாது. கம்பி விறைப்பாக இருக்கும்வரை முனை வெளியே வராது. தினமும் குத்திக் கழற்றும்போது அந்த விறைப்பு தளர்ந்துவிடுகிறது. அதன்பிறகு புத்தகப்பையின் பட்டை உரசினாலே போதும், முனை வெளியே வந்துவிடும். அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அணிந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. கபடியில் வந்து மோதுகிற பிள்ளைக்குத்தான் தெரியும். வியர்வை பட்ட கம்பியில் துரு ஏறி, சட்டைப்பையைச் சுற்றிச் செம்பழுப்புப் புள்ளிகள் விழுந்திருப்பதைத் துவைக்கும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஊக்கு உடைந்ததும் பிள்ளைகள் செய்யும் வைத்தியம் இன்னும் மோசம். ஸ்டேப்ளர் அடிக்கிறார்கள், சைக்கிள் கம்பியை வளைத்துக் கட்டுகிறார்கள், சூப்பர் க்ளூ போட்டு ஒட்டுகிறார்கள். கடைசியாகச் சொன்னதைத் தயவுசெய்து வீட்டில் அனுமதிக்காதீர்கள். அந்த வகைப் பசை பருத்தித் துணியில் ஊறும்போது வேதிவினை வேகமாக நடந்து நல்ல சூடு கிளம்பும். சட்டை உடம்பில் இருக்கும்போதே ஒட்டினால் தோல் வெந்துபோகக்கூடும்.

ஆகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், அறிவியல் ஆசிரியரும் தையல் ஆசிரியரும் உடனிருக்க, ஒரு கேள்வியைக் கொடுத்தோம். பேட்ஜை யாராவது பிடித்து இழுத்தால் முதலில் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? "எதுவுமே விடக்கூடாது டீச்சர், அவ்வளவு கெட்டியா இருக்கணும்" என்பதுதான் வந்த முதல் பதில். கெட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்டோம். கம்பி விடாவிட்டால் துணி கிழியும். துணியும் கிழியாவிட்டால் பிள்ளையே இழுபட்டு விழும். பேருந்துக் கதவிலோ இரும்புக் கிராதியிலோ மாட்டிக்கொண்டால் அதுதான் நடக்கும். ஓடினாலும் குதித்தாலும் பேட்ஜ் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். கை வைத்து இழுத்தால் துணிக்கும் தோலுக்கும் முன்னால் பிடிப்புதான் விட வேண்டும். இவை இரண்டும் ஒரே பொருளில் வேண்டும் என்பதுதான் வேலையைக் கடினமாக்கியது.

ஊக்கின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மனிதன் செய்த அருமையான பொருள்களில் அது ஒன்று. துணியைச் சேர்த்துப் பிடிக்க வளைந்த வெண்கல ஊசிகளை ஐரோப்பாவில் 3,000 ஆண்டுகளுக்கு முன்பே பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று நம் அம்மாக்களின் வளையலில் தொங்கும் ஊக்கின் வடிவத்துக்கு 1849 ஏப்ரலில் நியூயார்க்கைச் சேர்ந்த வால்டர் ஹன்ட் காப்புரிமை வாங்கினார். ஒரே கம்பி; ஒரு முனையில் சுருள், மறுமுனையில் கூர்முனையை மறைக்கும் மூடி. சுருள் எப்போதும் கம்பியை மூடிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார். மலிவான பேட்ஜில் இல்லாமல் போனவை அந்தச் சுருளும் மூடியும்தான். 1890-களில் அமெரிக்கத் தேர்தல்களில் லட்சக்கணக்கில் புழங்கத் தொடங்கிய வட்ட பேட்ஜ்களில் விளிம்புக்குள் செருகிய வெறும் கம்பிதான் இருந்தது. ஒரு கூட்டத்துக்குப் போய் வரும் பெரியவருக்கு அது போதும். நம் ஆறாம் வகுப்புப் பையன் காலை வழிபாட்டிலிருந்து மாலை விளையாட்டு வரை அதைச் சுமக்கிறான்.

நல்ல ஊக்கு வைத்த பேட்ஜே வாங்கிவிடலாமே என்று ஒரு தந்தை கேட்டார். மூடி உள்ள ஊக்கும் குத்துவதற்காகத் திறக்க வேண்டியதுதான். அவசரத்தில் காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து மூடுவது பதினொரு வயதுப் பிள்ளை. அதுவும் போக, தினமும் ஒரே இடத்தில் குத்தினால் பாலியெஸ்டர் கலந்த சீருடைத் துணியில் இழை விலகி ஓட்டை பெரிதாகிவிடும்.

இங்கே ஒரு இடைச்செருகல். துருப்பிடித்த ஊசி குத்தினால் ரணஜன்னி வரும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். துரு அந்த நோயைத் தராது. அதன் கிருமி மண்ணிலும் தூசியிலும் இருப்பது. ஆழமாகக் குத்திய காயத்துக்குள், காற்றுப் படாத இடத்தில் வளரும். ஆகவே பளபளப்பான ஊக்கு குத்தினாலும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். அரசின் தடுப்பூசி அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய ஊசி உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கொண்டுவந்த யோசனைகளில் வெல்க்ரோ முதலில் வந்தது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட காட்டு விதைகளைப் பார்த்து உருவாக்கியது அது. நம் வயல் வரப்பில் நடந்தால் பாவாடையில் ஒட்டும் நாயுருவியும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. இழுத்தால் விட்டுவிடும், கூர் எதுவும் இல்லை என்ற வகையில் நல்லதே. ஆனால் துவைக்கத் துவைக்கக் கொக்கிப் பக்கத்தில் நூலும் பஞ்சும் சேர்ந்து பிடிப்பு குறைகிறது. மற்ற துணிகளை உரசிப் பிசிறாக்குகிறது. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகுகிறது. பாடம் நடக்கும்போது கடைசி வரிசையிலிருந்து டர்ர் டர்ர் என்று பிய்த்து ஒட்டும் சத்தம் எப்படி இருக்கும் என்பதையும் ஆசிரியர்கள் எடுத்துச் சொன்னார்கள்!

அடுத்தது காந்தம். கடையிலும் இணையத்திலும் இப்போது மலிவாகக் கிடைக்கிறது; துணியில் ஓட்டையே விழாது; சில அலுவலகங்களில் பெயர்ப்பலகைக்கு அதைத்தான் வைக்கிறார்கள். இதை நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். பேட்ஜில் வருபவை நியோடிமியம் காந்தங்கள். பொத்தான் அளவே இருந்தாலும் இழுவிசை பலமானது. ஒரு பிள்ளை அப்படி இரண்டை வெவ்வேறு நேரத்தில் விழுங்கிவிட்டால், குடலின் இரண்டு மடிப்புகளுக்குள் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் அகப்பட்ட குடல் சுவர் ரத்த ஓட்டமின்றி அழுகி ஓட்டை விழும். அறுவை சிகிச்சை வரை போகும். ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுவலியும் வாந்தியும் போலத்தான் தெரியும். உங்கள் பெரிய பிள்ளை ஜாக்கிரதையாகத்தான் இருப்பான். அவன் கழற்றி வைத்த பேட்ஜை எடுப்பது மூன்று வயதுத் தங்கையாக இருக்கலாம். விழுங்கிய சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் தாத்தா பாட்டி உள்ள வீடுகளில் இந்தக் காந்தங்களை அவர்கள் மார்பருகே கொண்டுபோகவே கூடாது. பேட்ஜுக்கு என்றில்லை, எதற்காகவும் இவ்வகைக் காந்தம் பள்ளிக்கு வரக்கூடாது.

பேட்ஜைச் சட்டையிலேயே தைத்துவிடலாம் என்பது பல தாய்மார்களின் கருத்து. எட்டாம் வகுப்பு வரை அரசு நான்கு இணைச் சீருடை தருகிறது. அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு நான்கு பேட்ஜ். வகுப்புத் தலைவர் மாறினால் நான்கையும் பிரித்து நான்கைத் தைக்க வேண்டும்.

முடிவில் வழி காட்டியவர் நம் மாணவி ஒருத்தியின் தாயார். தையல் கடை வைத்திருப்பவர். "ஓட்டை போடாம மாட்ட முடியாதுன்னா, ஓட்டையை நாமளே ஒழுங்கா போட்டுட வேண்டியதுதானே" என்றார். அதாவது காஜா. சட்டைப்பையின் மேல்விளிம்பில் துணி மடித்துத் தைத்திருப்பதால் அங்கே இரட்டைத் துணி இருக்கிறது. அந்த மடிப்பில் 4 செ.மீ. இடைவெளியில் நின்றவாக்கில் இரண்டு காஜா. புதிய பேட்ஜ் தகரம் அல்ல. இரட்டைக் கேன்வாஸ் துணிமேல் பூவேலை நூலால் சின்னம் தைத்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு ஓரத்தில் 1 செ.மீ. அகலப் பருத்தி நாடா தைக்கப்பட்டிருக்கும். நாடாவை முதல் காஜா வழியாகப் பைக்குள் விட்டு, இரண்டாவது காஜா வழியாக வெளியே எடுத்து, பேட்ஜின் மறு ஓரத்தில் பின்பக்கம் உள்ள டிச் பட்டனில் அழுத்தினால் முடிந்தது. இடுப்பு பெல்ட் லூப்புக்குள் நுழைவதைப் போலத்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் டிச் பட்டன் செய்யும் வேலை. அதைப் பக்கவாட்டில் இழுத்தால் லேசில் விடாது. நேராகப் பிரித்தால் உடனே விட்டுவிடும். பேட்ஜின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது; அது பட்டனுக்குப் பக்கவாட்டு இழுவை, ஆகவே தாங்கும். யாராவது பிடித்து முன்னால் இழுத்தால் அது நேர் இழுவை, பட்டன் திறந்து நாடா உருவிக்கொண்டு வந்துவிடும். இரண்டு இடத்தில் பிடித்திருப்பதால் பேட்ஜ் சுற்றிக்கொள்ளாது. நாடாவைப் பேட்ஜின் நடுவில் வைக்காமல் மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு: பிடிப்பு தாழ்வாக இருந்தால் பேட்ஜின் தலை முன்னால் கவிழும். பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் படிக்கும் பிள்ளைகள் இதைக் கரும்பலகையில் வரைந்தே காட்டினார்கள்.

எந்த அளவு பட்டன் என்பதை ஆய்வகத்தின் சுருள்வில் தராசால் பார்த்தோம். பேட்ஜின் ஓரத்தில் தராசின் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்து, எப்போது விடுகிறது என்று குறித்தார்கள். ரவிக்கைக்குத் தைக்கும் சின்ன பட்டன், குனிந்து காலணி மாட்டும்போதே திறந்துகொண்டது. பெரிய பட்டன் திறப்பதற்கு முன்னால் காஜாவின் ஓரம் பிரியத் தொடங்கியது. நடு அளவைத் தேர்ந்தெடுத்தோம். காஜாவின் இரு முனைகளிலும் குறுக்குத் தையல் போட்ட பிறகு துணிக்கு எதுவும் ஆகவில்லை. இரும்பு பட்டன் வேண்டாம், துருப்பிடிக்கும், பிளாஸ்டிக்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, பிள்ளையின் எல்லாச் சீருடைச் சட்டைகளையும் துவைத்துக் காயவைத்து, கழுத்துப்பட்டையின் உள்பக்கம் பெயரும் வகுப்பும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பள்ளியிலேயே காஜா போட்டு மாலையில் திருப்பித் தருவோம். பேட்ஜுக்கும் தையலுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகம் செலவை ஏற்கிறது. நீங்கள் பணம் எதுவும் தர வேண்டாம். பெண் பிள்ளைகளின் மேல்கோட்டில் பை இல்லாததால், இடது மார்புப் பக்கம் உள்ளே ஒரு கேன்வாஸ் துண்டு வைத்துத் தைத்து அதன்மேல் காஜா போடப்படும். வீட்டிலேயே போட்டுக்கொள்ள விரும்புபவர்கள் அளவு அட்டையை அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் சட்டை தம்பிக்குப் போகும் வீடுகளில், தம்பி வேறு பள்ளியில் படித்தால் கவலை வேண்டாம். இரண்டு தையலில் காஜாவை மூடிவிடலாம்.

துவைக்கும் முன் பேட்ஜைக் கழற்றிவிடுங்கள். சட்டையில் வேறு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்காது என்பதால் வழக்கம்போல் அடித்துத் துவைக்கலாம், இஸ்திரி போடலாம். பேட்ஜ் அழுக்கானால் தனியே சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இழுத்தால் கழலும் பேட்ஜ், சில நேரம் விளையாட்டில் விழவும் செய்யும். விழுந்ததற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். பின்பக்கத்தில் வகுப்பும் எண்ணும் எழுதியிருக்கும், அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

அடையாள அட்டைக் கயிறு பற்றியும் ஒரு வார்த்தை. கழுத்தில் முடிச்சுப் போட்ட சாதாரண நாடாவில் அட்டையை மாட்டி அனுப்பாதீர்கள். பின்கழுத்துப் பக்கம், இழுத்தால் தானே பிரியும் இணைப்பு உள்ள கயிறுதான் வேண்டும். பழைய கயிறுகளை வெள்ளிக்கிழமை சட்டைகளோடு சேர்த்தே அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம். பழைய ஊக்கு பேட்ஜ்களையும் அதே நாளில் ஒரு காகிதத்தில் மடித்து அனுப்பிவிடுங்கள். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளர் கையில் குத்தும்.

கீழே உள்ள துண்டுச் சீட்டில் சட்டைகளின் எண்ணிக்கையை எழுதிக் கையொப்பமிட்டு, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்