வானொலிக்கு மக்கள் காசு கொடுப்பார்கள், சிறு தொகையாகக் கேட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் மந்தமான காலத்தில் சந்தா கட்டிக் கேட்கும் வானொலி பிழைக்காது, கையில் காசு குறைந்தால் மக்கள் முதலில் வெட்டுவது இப்படிப்பட்ட செலவைத்தான் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து வானொலி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்துவரும் குடும்பம் எங்களுடையது. என் கண்ணால் பார்த்தது அந்தக் கட்டுரைக்கு நேர் எதிராக இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். இந்த நாட்டில் வானொலி கேட்க ஒரு காலத்தில் எல்லோருமே காசு கட்டினோம். வீட்டில் ரேடியோ இருந்தால் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். வருடா வருடம் தபால் ஆபீசில் பதினைந்து ரூபாய் கட்டி, அதில் வில்லை ஒட்டி, முத்திரை குத்தி வாங்கி வர வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அந்த முறை ஒழிந்தது. 1974-இல் விலைவாசி ஒரே வருடத்தில் இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியது. அப்படிப்பட்ட பத்தாண்டிலும் ரேடியோ லைசன்ஸ்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் போனது. அது சட்டத்துக்குப் பயந்து கட்டிய பணம், சந்தா ஆகாது என்று சொல்வார்கள். சரி, விரும்பிக் கட்டிய சந்தாவுக்கே வருகிறேன்.

வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலியை இன்னும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பற்றிய தகவல்கூட மக்களைச் சென்றடையவில்லையே என்ற கவலையில் பிறந்த யோசனை. 1998-இல் ஆப்பிரிக்காவுக்கு ஒரு செயற்கைக்கோள், 2000-இல் ஆசியாவுக்கு ஒன்று என்று ஏவினார்கள். கடைசியில் உலகம் முழுவதும் அவர்களுக்கு இருந்த சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்தியாவில்தான் இருந்தார்கள். கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்கு கந்தர்வ், தமிழுக்கு கே.எல். ரேடியோ என்று நாற்பதுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள். ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதராக இருந்தார்.

அந்த வானொலியைப் பிடிக்கும் ரிசீவரை நான் பல வீடுகளில் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆன்டெனா தட்டையாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். செயற்கைக்கோள் எங்கள் ஊருக்குக் கிழக்கே, சற்றுத் தெற்கே தள்ளி, பாதி வானத்துக்கும் மேலே நின்றது. ஜன்னலோரத்தில் வைத்து, திரையில் சிக்னல் கோடு ஏறுகிற வரைக்கும் விரல் அகலம் விரல் அகலமாகத் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு தென்னை மட்டை வந்தாலும் சத்தம் அறுந்துவிடும். கிழக்குப் பார்த்த ஜன்னல் இல்லாத வீடுகளில் மொட்டை மாடிக்கு ஒயர் இழுத்திருக்கிறேன். இவ்வளவு பாடுபட்டு, ரிசீவருக்கு ஒரு விலை, அப்புறம் வருடச் சந்தாவாக ஆயிரத்துச் சில்லறை ரூபாய் கட்டிக் கேட்டார்கள்.

யார் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஓய்வுபெற்ற வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள் வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. திருபுவனத்தில் பட்டு நெசவு செய்யும் ஒருவர் வாங்கினார். தறிக்குழியில் கால், கையில் நாடா, கண் முழுவதும் பாவில். பகல் முழுக்க இப்படி உட்கார்ந்திருப்பவருக்கு டி.வி. எந்த வகையில் உதவும்? காதுக்கு மட்டும்தான் அவருக்கு ஓய்வு இருக்கிறது. தறிக்கு மேலே உத்தரத்தில் ஆணியடித்து ரிசீவரைத் தொங்கவிட்டிருந்தார். காலையில் ஸ்ருதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கே.எல். ரேடியோ. நடுவில் விளம்பரமே வராது என்பதைத்தான் அவர் பெரிதாகச் சொல்வார். விளம்பரம் அலறும்போது கை தாளம் தவறுகிறதாம், ராகம் ஒரே சீராகப் போனால் புடவையும் சீராக இறங்குகிறதாம்.

2008 கடைசியில் உலகமே மந்தம் என்று பேச்சு. பட்டுக்கு ஆர்டர் குறைந்து கூலியும் இழுபறி. சந்தா முடியப்போகிற நேரத்தில் அவர் கடைக்கு வந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணே, நிறுத்த மனசு இல்ல. மாசா மாசம் கேட்டா குடுத்துடுவேன். மொத்தமா கேட்டா நான் எங்கே போவேன்?"

கட்டுரையாளர் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த மனிதருக்கு வானொலி வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. மாதக் கணக்கில் பார்த்தால் அது அவருடைய டீச் செலவை விடக் குறைவு. ஆனால் வருடப் பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்கச் சொன்னபோது முடியவில்லை. கூலிக்காரர்களின் வீட்டில் வரவு வாரக் கணக்கில் வருகிறது, செலவும் அப்படியே போகிறது. ஆயிரத்துச் சில்லறை என்றால் அது அங்கே பள்ளிக் கட்டணத்தோடும் அடகு வட்டியோடும் மோத வேண்டிய தொகை.

வேர்ல்ட்ஸ்பேஸ் 2008 அக்டோபரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு இந்தியாவில் சேவை நின்றது. மந்தம் கொன்றுவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செயற்கைக்கோளுக்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் இருந்தது. இந்தியாவில் தரையில் சிக்னல் கடத்தும் ரிப்பீட்டர் வைக்க அனுமதி கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் வானொலிக்கு ஒரு கொள்கை வகுக்கச் சொல்லி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2005-இலேயே பரிந்துரை கொடுத்தது, கொள்கை வரவே இல்லை. ரிப்பீட்டர் இல்லை என்றால் காரிலோ லாரியிலோ பேருந்திலோ இந்த வானொலியைக் கேட்க முடியாது. ஜன்னலோரத்தில் மட்டும் பாடுகிற வானொலியை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் சந்தா வாங்க முடியும்?

இதே நேரத்தில் அமெரிக்காவில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு சந்தா வானொலிகள் இருந்தன. 2008 ஜூலையில் இரண்டும் ஒன்றாயின. இணைந்த கொஞ்ச மாதத்தில் பங்கு விலை ஐந்து சென்ட்டுக்கு இறங்கியது. சுமார் 300 கோடி டாலர் கடன். 2009 பிப்ரவரியில் ஒரு தவணை கழுத்தை நெரித்தபோது, லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் 53 கோடி டாலர் கடன் கொடுத்து, பங்கில் நாற்பது சதவீதத்தை எடுத்துக்கொண்டு காப்பாற்றியது. இதை வைத்துச் சந்தா வானொலி செத்துவிட்டது என்றுதான் அங்கேயும் பேசினார்கள்.

ஆனால் கேட்பவர்கள் என்ன செய்தார்கள்? 2008 முடிவில் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் சந்தாதாரர்கள். பல லட்சம் பேர் வேலை இழந்த 2009-இன் முடிவில் 1 கோடியே 88 லட்சம். அவ்வளவுதான் இறக்கம். அந்த வருடமே கூடுதல் ரேடியோவுக்கான கட்டணத்தையும் ஏற்றி, இசை உரிமைக்கென்று தனிக் கட்டணமும் போட்டார்கள், அப்படியும் பெருங்கூட்டமாக யாரும் வெளியேறவில்லை. 2010 முடிவில் எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டியது. இறங்கிய அந்தக் கொஞ்சத்துக்கும் பெரிய காரணம் கார் விற்பனை. அங்கே இந்த வானொலி புதுக் காரோடு சில மாதம் இலவசமாக வரும், பிடித்துப்போனால் காசு கட்டுவார்கள். 2007-இல் ஒரு கோடியே அறுபது லட்சம் வண்டி விற்ற நாட்டில் 2009-இல் ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டித்தான் விற்றது. வாசலில் புது ஆட்கள் வருவது குறைந்தது, உள்ளே இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர்கள் கட்டியது மாதச் சந்தா கணக்கில் பதிமூன்று டாலர் சுமார். சினிமாவையும் ஓட்டல் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டவர்கள், வேலைக்குப் போகும் வழியில் துணைக்கு வரும் குரலை விட்டுவிட மனம் வராமல் வைத்துக்கொண்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். சமீப வருடங்களில் அந்த நிறுவனத்தின் எண்ணிக்கை சற்றுச் சரிகிறது. அதற்குக் காரணம் கைபேசியில் கிடைக்கும் பாட்டு, காசுத் தட்டுப்பாடு இல்லை.

மந்தத்தில் உண்மையாகவே நடுங்குவது விளம்பரத்தை நம்பும் வானொலிதான். கட்டுரை இதைத் தொடவே இல்லை. நம் நாட்டு வானொலித் துறையின் வருமானம் 2019-இல் சுமார் 3,100 கோடி ரூபாய். கொரோனா வந்த 2020-இல் அது 1,400 கோடியாக விழுந்தது என்று ஃபிக்கி தொழில் கூட்டமைப்பும் இஒய் ஆலோசனை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஒரே வருடத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. கேட்பவர்கள் ஓடிப்போகவில்லை, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் எப்படி ஓடுவார்கள்? நகைக்கடையும் துணிக்கடையும் மூடியதால் விளம்பரம் நின்றது. கடைக்காரனாக எனக்கு இது நன்றாகத் தெரியும், வியாபாரம் படுத்தால் நாங்கள் முதலில் நிறுத்துவது விளம்பரத்தைத்தான். பத்து முதலாளிகள் கை விட்டால் அந்த வானொலி படுத்துவிடும். ஆயிரம் கேட்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து நடக்கும் வானொலியில் முப்பது பேர் போனாலும் மீதிப் பேர் இருப்பார்கள்.

இன்னொரு சான்றும் என் கடையிலேயே இருக்கிறது. சரிகம நிறுவனம் 2017-இல் காரவான் என்று பழைய பாட்டுகள் ஐயாயிரத்தை உள்ளே வைத்து ஒரு பெட்டி கொண்டுவந்தது. பணமதிப்பிழப்பின் அடி ஆறாமல், ஜி.எஸ்.டி.யும் வந்து சேர்ந்த வருடம் அது. தெருவில் எந்தக் கடையிலும் வியாபாரம் இல்லை. அந்த நேரத்தில் ஐயாயிரம், ஆறாயிரம் கொடுத்து மகன்கள் அப்பாவுக்கும் மகள்கள் அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்தார்கள். பாட்டு முழுக்க யூடியூபில் இலவசமாகக் கிடைத்த காலம்தான் அதுவும். பொத்தானைத் திருகினால் பாட வேண்டும், நடுவில் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்பதற்காகக் காசு கொடுத்தார்கள்.

டி.டி.எச். சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. ரீசார்ஜ் செய்வதை நிறுத்தியவர்களை நானும் பார்க்கிறேன். அதே தொடர், அதே படம் கைபேசியிலும் இலவச டிஷ்ஷிலும் வந்துவிடுவதால் நிறுத்துகிறார்கள். எங்கும் கிடைப்பதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அதனால் சந்தா கேட்கிற வானொலி வேறு எங்கும் கிடைக்காததைக் கொடுத்தாக வேண்டும். ராகம் தெரிந்து, பாடகர் தெரிந்து, பாட்டுக்கு முன்னால் இரண்டு வரி பொறுமையாகச் சொல்கிற அறிவிப்பாளர் வேண்டும். டெல்டாவில் மழை என்றால் எந்த ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்கிற குரல் வேண்டும். இதை இன்றைக்கும் எங்கள் பக்கம் காரைக்கால் வானொலி ஓரளவு செய்கிறது, அதனால்தான் டீக்கடையில் அதன் சத்தம் கேட்கிறது. அகில இந்திய வானொலி 2016 குடியரசு தினத்தில் சாஸ்திரிய இசைக்கென்று ராகம் அலைவரிசையைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அப்படி ஒன்று இருப்பதே என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

தமிழில் ஒரு சந்தா வானொலி தொடங்க இன்றைக்கு செயற்கைக்கோள் வேண்டாம், ஆயிரம் கோடிக் கடனும் வேண்டாம். கைபேசி இணைப்பு எல்லார் கையிலும் இருக்கிறது. பணம் வாங்குகிற முறையை மட்டும் சரியாக அமைக்க வேண்டும். ஷாம்பு பாட்டிலை வாங்க முடியாதவர்களுக்காகச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கும் வழியைக் கண்டுபிடித்தது நம் கடலூர்க்காரர்கள். அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். வாரத்துக்குப் பத்து ரூபாய், மாதத்துக்கு முப்பது ரூபாய் என்று வைக்கட்டும். தெருமுனை ரீசார்ஜ் கடையில் ரொக்கமாகக் கட்டவும் வழி இருக்கட்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முறையை மட்டும் கட்டாயமாக்க வேண்டாம். கூலி வராத வாரத்தில் கணக்கில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஊர் ஆட்களுக்கு நிறைய. கையில் இருக்கிற வாரம் கட்டுவார்கள், இல்லாத வாரம் விட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். திரும்பி வரும்போது அபராதம் கேட்கக்கூடாது.

அரசு ஒலிபரப்பு அமைப்பான பிரசார் பாரதி இதைச் செய்தாலும் சரி, தனியார் செய்தாலும் சரி. செயலி இறக்கத் தெரியாத பெரியவர்களுக்காக, ஒரே ஒரு திருகு மட்டும் இருக்கிற பெட்டி ஒன்றையும் கூடவே கொண்டுவரச் சொல்லுங்கள். அதைப் பொருத்திக் கொடுக்க என்னைப் போன்ற மெக்கானிக்குகள் தஞ்சாவூர், மாயவரம், திருவாரூர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறோம். சேவைக் கட்டணம் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வானொலிக் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.