இன்னொரு பயோமார்க்கருக்கு முன், மாதிரியைச் சரியாக எடுப்போம்: எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வுக்கு நிதியும் ஒப்புதலும் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வு நிதிக் குழுக்களுக்கும், நெறிமுறைக் குழுக்களுக்கும், மகளிர் நோயியல் இதழ்களின் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் வயிற்றறைச் சவ்விலும் குடலிலும் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. வலி தொடங்கிய நாளிலிருந்து நோயின் பெயர் தெரியவரப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. ஆகவே ரத்தத்திலோ எச்சிலிலோ உள்ள ஒரு மூலக்கூறை (பயோமார்க்கர்) அளந்து நோயைச் சொல்லிவிடும் ஒரு பரிசோதனை வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அந்த ஆசைக்கு நிதி கேட்டு வரும் திட்டங்கள் ஏன் பெரும்பாலும் தோற்கின்றன, அதைத் தடுக்க உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2016-இல் வெளியிட்ட மீளாய்வு, ரத்தத்தில் உள்ள 122 பயோமார்க்கர்களைப் பற்றிய 141 ஆய்வுகளை அலசியது. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குப் பதிலாக ஒரு பரிசோதனையை வைக்க வேண்டுமென்றால், அது நோயுள்ளவர்களில் குறைந்தது 94 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்க வேண்டும். நோயில்லாதவர்களில் குறைந்தது 79 விழுக்காட்டினரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்ல வேண்டும். இதுதான் அந்த மீளாய்வு வைத்த அளவுகோல். நம்பத்தக்க சான்றோடு அதைத் தாண்டிய பயோமார்க்கர் ஒன்றுகூட இல்லை. 2022-இல் வந்த ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும், சிஏ-125 என்ற ரத்தப் புரதம் உட்பட எந்தப் பயோமார்க்கரையும் இந்த நோயைக் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. இவ்வளவு மூலக்கூறுகளும் பயனற்றவை என்று நாங்கள் நினைக்கவில்லை. அவற்றை நியாயமாகச் சோதித்த ஆய்வுகள்தாம் குறைவு.

முதல் கோளாறு, யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பது. சினைப்பையில் பெரிய கட்டியும் கடும் ஒட்டல்களும் உள்ள, நோய் முற்றியவர்களை ஒரு பக்கம் நிறுத்தி, கருத்தடை அறுவைக்கு வந்த, வலியே இல்லாத பெண்களை மறுபக்கம் நிறுத்தினால் எந்த மூலக்கூறும் பளிச்சென்று தெரியும். ஆனால் மருத்துவருக்கு வேண்டியது அந்த விடை அல்ல. வலியோடு வந்திருப்பவர்களில் யாருக்கு எண்டோமெட்ரியோசிஸ், யாருக்கு அடினோமயோசிஸ் (அத்தகைய திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), யாருக்கு இடுப்பறைத் தொற்று, யாருக்குக் குடல் எரிச்சல் என்று பிரித்துச் சொல்வதுதான் அவருடைய வேலை. ஒப்பீட்டுக் குழுவிலும் வலியுள்ளவர்கள் இருக்க வேண்டும். இல்லாத முன்மொழிவை அந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்பலாம்.

இதோடு ஒட்டியது, எண்ணிக்கைக் கணக்கு. ஒரு பரிசோதனை நோயுள்ளவர்களில் 95 விழுக்காட்டினரைக் கண்டுபிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறப்பு மருத்துவமனைக்கு வரும் 1,000 பேரில் 750 பேருக்கு நோய் இருந்தால், ‘பாசிட்டிவ்’ என்று வருபவர்களில் 100-க்கு 93 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கும். அதே பரிசோதனையை, 1,000 பேரில் 100 பேருக்கு மட்டுமே நோயுள்ள ஒரு பொதுக் கூட்டத்தில் செய்தால் 95 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். 180 பேர் வீணாகப் பிடிபடுவார்கள். இப்போது ‘பாசிட்டிவ்’ வந்தவர்களில் 100-க்கு 35 பேருக்குத்தான் நோய். பரிசோதனை மாறவில்லை, ஆட்கள்தாம் மாறியிருக்கிறார்கள். சிறப்பு மருத்துவமனையில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு ‘இனி எல்லாப் பெண்களுக்கும்’ என்று பேசும் கட்டுரைகளை இதழாசிரியர்கள் எப்படி விட்டுவிடுகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிவதில்லை.

இரண்டாவது கோளாறு, மாதச் சுழற்சியின் நாள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உண்மையில் பல முடிவுகளைக் கவிழ்த்தது இதுதான். சிஏ-125 அளவு மாதவிலக்கு நாட்களில் இயல்பாகவே ஏறும். வலியோடு வருபவர் பெரும்பாலும் மாதவிலக்கையொட்டி வருகிறார். அன்றே ரத்தம் எடுக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழுவில் இருப்பவருக்கு அறுவையை முன்கூட்டியே திட்டமிட்டு, மாதவிலக்கு முடிந்த பிறகு நாள் குறிக்கிறார்கள். அவருடைய ரத்தம் அன்றைக்கு எடுக்கப்படுகிறது. இரண்டு குழுவுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் நோயுடையதா, நாட்காட்டியுடையதா? கருப்பை உள்படலத் திசுவில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை. அங்கே ஒரே பெண்ணின் மரபணுச் செயல்பாடு வாரத்துக்கு வாரம் மாறுவது, நோயால் வரும் மாற்றத்தையே மூடி மறைத்துவிடும் அளவுக்குப் பெரியது.

‘கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டோம்’ என்பது போதாது. முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்களின் எண்ணிக்கை பெண்ணுக்குப் பெண், மாதத்துக்கு மாதம் மாறும். 14-ஆம் நாள் என்று கணக்குப் போடுவது ஊகமே. மாதிரி எடுக்கும் அன்றே எஸ்ட்ரடையால், புரோஜெஸ்ட்டிரோன் என்ற இரு ஹார்மோன்களையும் ரத்தத்தில் அளக்க வேண்டும். முட்டை வெளிவந்ததை உறுதி செய்ய, புரோஜெஸ்ட்டிரோன் மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கலாம். முடிந்தால் முட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் சிறுநீரில் உயர்வதைக் குறித்து, அதிலிருந்து நாளை எண்ணுவது மேல். கடந்த 3 மாதங்களில் கருத்தடை மாத்திரை, புரோஜெஸ்டின், ஹார்மோன் வளையம், ஊசி எதையாவது பயன்படுத்தினாரா என்பதும் பதிவாக வேண்டும். பயன்படுத்துபவர்களை நீக்கச் சொல்லவில்லை. நோயாளிகளில் பெரும்பகுதியினர் அவர்கள்தாமே. அவர்களைத் தனியே பகுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஊசி குத்தியதிலிருந்து ஃப்ரீசர் வரைக்கும் நடப்பவை. கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். குழாயைக் குலுக்காமல் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) என்றால் 30 முதல் 60 நிமிடம் உறையவிட்டுச் சுழற்ற வேண்டும். பிளாஸ்மா (உறையவிடாத ரத்தத்தின் திரவப் பகுதி) என்றால் உடனே குளிரில் வைத்து, ஒரு முறை சுழற்றியபின் மேல் திரவத்தை இன்னொரு குழாய்க்கு மாற்றி மீண்டும் சுழற்றினால்தான் தட்டணுக்கள் நீங்கும். அதன்பின் 200 முதல் 500 மைக்ரோலிட்டர் அளவில் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே பெரிய குழாயில் உறையவைத்தால் ஒவ்வொரு சோதனைக்கும் உருக்கி உறையவைக்க நேரிடும்; புரதம் சிதையும்.

இது சமையல் குறிப்பு போலத் தோன்றினாலும் இங்கேதான் ஆய்வு செத்துப்போகிறது. மரபணுச் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறுகளான நுண் ஆர்என்ஏ பற்றிய ஆய்வுகளைப் பாருங்கள். மிர்-16, மிர்-451 என்ற நுண் ஆர்என்ஏக்கள் இரண்டும் சிவப்பணுவுக்குள் ஏராளமாக உள்ளவை. குழாயில் சிவப்பணு உடைந்தால் பிளாஸ்மாவில் அவை கூடும். அறுவை அரங்கில் அவசரத்தில் எடுத்த ரத்தத்தில் அணு உடைவு அதிகமாகவும், புறநோயாளிப் பிரிவில் நிதானமாக எடுத்ததில் குறைவாகவும் இருந்தால், ‘நோயில் கூடும் நுண் ஆர்என்ஏ’ ஒன்று பிறந்துவிடும். 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்தால் அணு உடைவு தெரிந்துவிடும். ஒரு மாதிரிக்கு ஒரு நிமிட வேலை. மயக்க மருந்து, பட்டினி, ஃப்ரீசரில் இருந்த காலம் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். நோயாளிகளின் மாதிரி பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்க, ஒப்பீட்டு மாதிரியைக் கடைசி ஆறு மாதத்தில் அவசரமாகச் சேர்ப்பது பரவலான பழக்கம். இரண்டையும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில், ஒரே கைகளால் எடுக்க வேண்டும். இதற்கான உலகளாவிய ஒத்திசைவு நெறிமுறைகள் ‘எஃபெக்ட்’ என்ற பெயரில் 2014-இலேயே வெளியாகிவிட்டன. ரத்தம், திசு, நோயாளி வினாப்படிவம், அறுவைக் குறிப்பு நான்குக்கும் படிவம் தயாராக இருக்கிறது, இலவசம். அதைக் கட்டாயமாக்குவதில் உங்களுக்கு என்ன தயக்கம்?

புள்ளியியலைப் பற்றி ஒரு வார்த்தை. 400 மூலக்கூறுகளை ஒரே நேரத்தில் அளந்து 0.05 (தற்செயலாகத் தேற 100-க்கு 5 வாய்ப்பு) என்ற வரம்பை வைத்தால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் 20 மூலக்கூறுகள் தற்செயலாகத் தேறும். அந்த 20-ஐ வைத்து அதே ஆட்களிடம் நோயைக் கணிக்கும் சூத்திரம் கட்டி, அதே ஆட்களிடமே சோதித்தால் கிடைக்கும் 98 விழுக்காடு துல்லியம் வெறும் அலங்காரம். வேறொரு மருத்துவமனையின் மாதிரிகளில், சூத்திரத்தையும் வரம்பையும் முன்கூட்டியே பூட்டிவைத்துச் செய்த சோதனைதான் கணக்கில் சேரும்.

இனி, எதை ‘உண்மை’ என்று வைத்து ஒப்பிடுகிறோம் என்பதற்கு வருவோம். லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. கறுப்புப் புள்ளிகள் எல்லாருக்கும் தெரியும். தெளிந்த கொப்புளங்களும் சிவப்புத் தடிப்புகளும் தவறிப்போகும். எடுத்த துண்டு மின் கத்தியில் கருகியிருந்தால் நோயியல் நிபுணருக்குச் சுரப்பியும் தெரியாது, அதைச் சூழ்ந்த திசுவும் தெரியாது. ‘நோய் இல்லை’ என்று விடை வரும். பயாப்சியைக் கத்தரியால் வெட்டியெடுப்பது, எங்கிருந்து எடுத்தது என்று வரைபடத்தில் குறிப்பது, நெகட்டிவ் என்றால் மேலும் சில அடுக்குகளை வெட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றும் நெறிமுறையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதேநேரம், எல்லாரையும் வயிற்றைத் துளைத்துப் பார்த்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பதும் இனி சரியல்ல. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதபோதோ, மருந்து பலிக்காதபோதோ, பொருந்தாதபோதோதான் நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி என்று 2022 வழிகாட்டி ஒதுக்கிவிட்டது. ஆழமாக ஊடுருவிய நோயையும் சினைப்பைக் கட்டியையும் நல்ல கைகளில் உள்ள பிறப்புறுப்புவழி அல்ட்ராசவுண்டே காட்டிவிடும். அதற்கும் ‘ஐடியா’ என்ற பன்னாட்டு நிபுணர் குழு 2016-இல் நான்கு படிகள் வகுத்தது: கருப்பையையும் சினைப்பைகளையும் பார்ப்பது; எங்கே அழுத்தினால் வலிக்கிறது, சினைப்பை நகர்கிறதா என்று சோதிப்பது; கருப்பைக்குப் பின்னால் மலக்குடல் வழுக்கி நகர்கிறதா என்று பார்ப்பது; பிறகு முன்னும் பின்னும் முடிச்சுகளைத் தேடுவது. மூன்றாவது படி, ஸ்கேன் கருவியின் முனையால் (புரோப்) கருப்பை வாயை மெல்ல அழுத்தி, மலக்குடலின் முன்சுவர் அதன்மீது தடையின்றி நகர்கிறதா என்று ஓரிரு நிமிடம் பார்ப்பதுதான். நகராவிட்டால் கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையிலுள்ள பின்பள்ளம் ஒட்டி மூடியிருக்க வாய்ப்பு அதிகம். வழக்கமான ஸ்கேன் அறிக்கைகளில் இந்த வரியே இருப்பதில்லை. ஆய்வுத் திட்டத்திலாவது இருக்க வேண்டாமா? சிறுநீரகங்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை நோய் நெரித்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் வீணாகிவிடக்கூடும். சவ்வின்மேல் படர்ந்த மெல்லிய நோய் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதால், ‘ஸ்கேன் நார்மல்’ என்பவரை நோயற்றவர் என ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கவும் கூடாது.

சிகிச்சை ஆய்வுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் 39 பெண்களில் ஒரு பாதியினருக்கு நோய்த் திசுவை அகற்றினார்கள். மறுபாதியினருக்கு லேப்ராஸ்கோப்பியில் பார்த்துவிட்டு மட்டும் தைத்துவிட்டார்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 80 விழுக்காட்டினரும், வெறுமனே பார்த்துவிட்டுத் தைத்த குழுவில் 32 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு எதையும் அகற்றாமலே வலி குறையும் என்றால், ஒப்பீட்டுக் குழு இல்லாத ‘எங்கள் முறையில் 70 விழுக்காடு வெற்றி’ என்ற அறிக்கையைப் படித்து என்ன பயன்?

ஹார்மோன் மருந்தில் இன்னொரு கண்ணி. மாதவிலக்கையே நிறுத்தும் மருந்து, மாதவிலக்கு வலியின் மதிப்பெண்ணைத் தானாகவே பூஜ்யமாக்கிவிடும். மாதவிலக்கு அல்லாத நாட்களின் வலி, உடலுறவின்போது வலி, மலம் கழிக்கும்போது வலி ஆகியவற்றைத் தனித்தனியே 0 முதல் 10 வரை தினசரிக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து கேட்டால் கடைசி மோசமான நாள்தான் பதிலாக வரும். எத்தனை வலி மாத்திரை விழுங்கினார் என்பதையும் எண்ண வேண்டும். மாதவிலக்கு நின்றதும் தனக்குக் கிடைப்பது மருந்தா போலியா என்று அவர் ஊகித்துவிடுவார் என்பதால், ஆய்வின் முடிவில் ‘உங்களுக்கு எது கொடுத்தோம் என்று நினைக்கிறீர்கள்’ என்று கேட்டு வெளியிடுங்கள். எதை அளப்பது என்பதில் 2020-இலேயே உடன்பாடு வந்துவிட்டது: ஒட்டுமொத்த வலி, அவரை அதிகம் வாட்டும் அறிகுறி, வாழ்க்கைத் தரம், பக்க விளைவுகள், சிகிச்சையில் திருப்தி. அறுவையில் எத்தனை புள்ளி நோய் இருந்தது என்ற நிலைக் கணக்குக்கும் வலிக்கும் தொடர்பு மிகக் குறைவு. அதை முதன்மை முடிவாக வைக்காதீர்கள்.

காலமும் போதவில்லை. அறுவைக்குப் பின் 2 ஆண்டில் சுமார் 21 விழுக்காட்டினருக்கும், 5 ஆண்டில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்புகிறது என்று 2009-இல் வந்த ஒரு மீளாய்வு கணித்தது. அப்படியிருக்க 3 மாத, 6 மாத ஆய்வுகளுக்கே பணம் போகிறது.

நல்ல பரிசோதனை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா என்றும் யோசியுங்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சிஏ-125 மற்றும் ஸ்கேன் மூலம் சினைப்பைப் புற்றுநோயைத் தேடிய ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வந்தது. ரத்தப் பரிசோதனையோடு தொடங்கிய குழுவில் புற்றுநோய் முன்னதாகவே பிடிபட்டது. ஆனால் இறப்பு குறையவில்லை. எண்டோமெட்ரியோசிஸிலும் ‘எத்தனை பேரைக் கண்டுபிடித்தோம்’ என்பதோடு நில்லாமல், பரிசோதனைக்குப் பிறகு வலி குறைந்ததா, தேவையற்ற அறுவை குறைந்ததா, பெயர் தெரியக் காத்திருக்கும் காலம் சுருங்கியதா என்று இரு குழுவாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பது புதிய நிதி அல்ல, விண்ணப்பப் படிவத்தில் சில கட்டாயக் கேள்விகள். ஒப்பீட்டுக் குழுவில் வலியுள்ளவர் எத்தனை பேர்? சுழற்சி நாள் எந்த ஹார்மோன் அளவால் உறுதியாகும்? அணு உடைவு எப்படி அளக்கப்படும்? சூத்திரத்தை வெளியாரின் எந்த மாதிரித் தொகுப்பில் சோதிப்பீர்கள்? மீந்த மாதிரிகள் யாருக்குக் கிடைக்கும்? நெறிமுறைக் குழுக்கள் இதில் ஒன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும்: முடிவு எதிர்மறையாக வந்தாலும் எத்தனை மாதத்தில் வெளியிடுவீர்கள்? கண்டறிதல் ஆய்வுகளை அறிக்கையிடும் 2015-ஆம் ஆண்டின் ‘ஸ்டார்ட்’ பட்டியலில் 30 இனங்கள் இருக்கின்றன. எந்த இனம் எந்தப் பக்கத்தில் என்று குறித்த அட்டவணை இல்லாத கட்டுரையை இதழாசிரியர்கள் மதிப்பீட்டுக்கே அனுப்ப வேண்டாம். அடுத்த நிதி அழைப்பு வெளியாகும் முன்பே இந்தக் கேள்விகளைப் படிவத்தில் ஏற்றிவிட முடியும்.

இப்படிக்கு,
எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வுகளில் மாதிரி சேகரிப்பு, ஸ்கேன், அறுவை, நோயியல், புள்ளியியல் பணிகளில் உள்ளோர்