நுரை பற்றி சேவியருக்கு

சிங்கப்பூர்
14 செப்டம்பர்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உன் புதுக் கடல்மீன் தொட்டிக்கு, தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவியான "ஸ்கிம்மர் எதை வாங்கலாம், ஒரே வரியில் சொல்" என்று கேட்டிருந்தாய். ஒரே வரியில் பதில் சொல்லும் ஆளாக நான் எப்போது இருந்தேன்? ஒரு பக்கக் கட்டுரைக்கு ஏழு பக்கம் எழுதித் தமிழ் ஐயாவிடம் அடி வாங்கியவன். அதனால் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்து, தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு இடது கண்ணிலும் புரை அறுவை முடிந்துவிட்டது. கட்டை அவிழ்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "இந்தச் சுவர் இவ்வளவு அழுக்காகவா இருந்தது?" அண்ணி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். என் மூத்தவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. ஆகஸ்டில் நம் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாவுக்கு நீயாவது போய்வந்தாயே, அதுவரை சந்தோஷம்.

சரி, உன் தொட்டி. 120 செ.மீ. நீளம், 50 அகலம், 55 உயரம். கணக்குப்படி 330 லிட்டர். கீழே அலமாரிக்குள் வைக்கும் துணைத்தொட்டியான சம்ப்பில் 70 லிட்டர் நிற்கும் என்கிறாய். விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை, பாறையும் மணலும் வேறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கழித்துப் பார்த்தால் உன்னிடம் உண்மையில் ஓடப்போவது 330 லிட்டர்தான். இதற்கு நீ பார்த்து வைத்திருப்பது "1500 லிட்டர்வரை" என்று பெட்டியில் அச்சடித்த ஸ்கிம்மர். "பெரிதாக இருந்தால் நல்லதுதானே" என்று வேறு எழுதியிருக்கிறாய். இதற்குப் பதில் உன் அப்பாவின் பேக்கரியிலேயே இருந்தது. நாம்தான் மக்ரூன் மேல் கண்ணாக இருந்து கவனிக்கத் தவறிவிட்டோம்.

வெள்ளைக்கரு அடிக்கும் நேரத்தில் அவர் நம்மைப் பட்டறைக்குள் விடமாட்டார், நினைவிருக்கிறதா? ஒரு சொட்டு மஞ்சள் கரு சிந்தினாலும், பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது என்பார். ஸ்கிம்மருக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் கரைந்து தண்ணீரில் சேரும் புரதம் போன்ற பொருட்களின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை தண்ணீருக்கு ஆகாது. பக்கத்தில் ஒரு காற்றுக்குமிழி வந்தால் ஆகாத முனை அதற்குள் தலையை நீட்டிக்கொள்ளும். இப்படிக் கோடிக்கணக்கான பொடிக்குமிழிகள் அழுக்கைச் சுமந்து மேலேறி, கழுத்து வழியே நுரையாகப் பொங்கி, கோப்பையில் வழிந்து விழுகின்றன. நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து உடைந்துவிடும். கடல் நீரின் உப்பு அவற்றைச் சேரவிடாது. எங்கள் உப்பளத்தில் காற்று வீசும் மாதங்களில் வரப்போரம் நுரை ஒதுங்கிக் கிடக்குமே, அள்ளி உனக்குத் தாடி ஒட்டியிருக்கிறேன். உன் அப்பாவின் வெள்ளைக்கருவையும் என் அப்பாவின் உப்பையும் ஒரு குழாய்க்குள் போட்டால் ஸ்கிம்மர்.

இப்போது ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைக் கல்யாண அண்டாவில் ஊற்றி அடித்துப் பார். அடியில் சளசளத்துக் கிடக்குமே தவிர மேலேறி வராது. உன் பட்டியலில் இருப்பவை இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் டாங், ஒரு ஜோடி கார்டினல் மீன், மற்றபடி தோல் பவளமும், பவளத்தின் உறவான சோயாந்தஸும். இவ்வளவு பேர் போடும் அழுக்குக்கு 1500 லிட்டர் ஸ்கிம்மரின் அகன்ற கழுத்தில் நுரை பாதிவரை ஏறும், பிறகு தானே அமுங்கிவிடும். இரண்டு நாள் வேலை செய்யும், மூன்று நாள் தூங்கும். நீயும் தினமும் நுரையளவைச் சரிசெய்யும் திருகை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டிருப்பாய். கொஞ்சம் சிறியதாக இருந்து இடைவிடாமல் நுரை தள்ளும் ஸ்கிம்மரே என் கட்சி.

ஆகவே பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பதைப் படிக்காதே. அது பெரும்பாலும் மீன் குறைவாக உள்ள தொட்டிக்கான அளவு. அதன் கீழே சின்ன எழுத்தில், மீன் நெருக்கமாக உள்ள தொட்டிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த எண் 350க்கும் 450க்கும் இடையில் இருந்தால் உனக்குப் போதும். அப்படிப்பட்டவற்றில் உடல் குழாயின் விட்டம் 15 செ.மீ. அளவில் இருக்கும், காற்று மணிக்கு 500 லிட்டர் அளவில் இழுக்கும். காற்றின் அளவைக்கூடச் சொல்லாமல் தொட்டி லிட்டரை மட்டும் போட்டு விற்பவரிடம் நான் வாங்கமாட்டேன்.

விலை அதிகமான ஸ்கிம்மர் இரட்டிப்பு அழுக்கை எடுக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் வெகுநாள் இருந்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் சில ஆண்டுகள் இதை உட்கார்ந்து அளந்தார். நீரில் உள்ள மொத்தக் கரிமப் பொருளில் 20 முதல் 35 சதவீதத்தைத்தான் ஸ்கிம்மர்கள் எடுக்கின்றன, அதற்குப் பிறகு நாள் முழுவதும் ஓடவிட்டாலும் மீதி அசைவதில்லை என்று கண்டார். அவர் சோதித்த மாடல்களுக்கு இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. 2010இல் கோப்பையில் சேரும் சேற்றையும் உலர்த்திப் பிரித்துப் பார்த்தபோது, சுண்ணாம்பும் சிலிக்காவும் கணிசமாக இருந்தன. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பெருமையோடு கொட்டுவது முழுக்கப் புரதமல்ல. இதைப் படித்த அன்று நான் ஆசைப்பட்டு வைத்திருந்த விலை உயர்ந்த ஸ்கிம்மரை மறந்துவிட்டேன். மிச்சப்பட்ட காசு விளக்குக்குப் போனது என்பது வேறு கதை. கழிவு மக்கி உண்டாகும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஸ்கிம்மர் நேராக எடுக்காது, அவையாக மாறுவதற்கு முன்பே கொஞ்சம் சரக்கை அள்ளிவிடும், அவ்வளவே. மற்றதைப் பாறையும், வாரம் ஒருமுறை நீ மாற்றும் தண்ணீரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் முதல் ஸ்கிம்மரை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதே. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியின் உள்உயரம் 60 செ.மீ. ஸ்கிம்மர் 52. இடிக்காது என்று வாங்கி வந்துவிட்டேன். சம்ப்பின் கண்ணாடி அடியும் அதன் கீழே போட்ட ரப்பர் விரிப்பும் 2 செ.மீ. எடுத்துக்கொண்டன. நீர்மட்டம் சரியாக வரவில்லை என்று ஸ்கிம்மருக்கு அடியில் ஒரு பலகை வைத்தேன், அது 4 செ.மீ. உள்ளே அழகாகப் பொருந்தி உட்கார்ந்தது, நுரையும் தள்ளியது. மூன்றாம் நாள் கோப்பையைக் கழற்றப் போனபோதுதான் தெரிந்தது, கோப்பையை மேலே தூக்கினால்தான் வெளியே வரும், தூக்குவதற்கு இருப்பதோ இரண்டே செ.மீ. எட்டு மாதம், மூன்று நாளைக்கு ஒருமுறை, ஸ்கிம்மரையே தண்ணீர் சொட்டச் சொட்டச் சாய்த்து வெளியே எடுத்துக் கழுவினேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய துண்டுகளை மட்டும் எண்ணி எண்ணி எடுத்து வைத்தாள்.

நீர்மட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. சம்ப்புக்குள் நிற்கும் ஸ்கிம்மர்கள் குறிப்பிட்ட ஆழத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும், பல மாடல்களுக்கு 18 முதல் 23 செ.மீ. உன் சம்ப்பில் ஸ்கிம்மர் நிற்கும் அறைக்குத் தடுப்புக் கண்ணாடி இருந்தால் மட்டம் மாறாது. இல்லையென்றால் துபாயின் குளிர்பதன அறையில் தண்ணீர் ஆவியாகி இறங்க இறங்க, நுரையும் இறங்கும். தானாக நன்னீர் ஊற்றும் கருவி ஒன்றை இதற்காகவாவது வாங்கிவிடு.

பம்ப் விஷயத்தை நீளமாக எழுதப்போவதில்லை. இப்போது வருவன பெரும்பாலும் ஊசிச் சக்கர வகைதான், சக்கரத்தில் நீட்டியிருக்கும் ஊசிகள் காற்றை நீரோடு சேர்த்துப் பொடியாக்கும். நேர்மின்சாரத்தில் ஓடும் டி.சி. பம்ப் சத்தமில்லாமல் ஓடும், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் பாதி ஸ்கிம்மர் விலை கேட்பார்கள். தொட்டி கூடத்தில் இருந்தால் சாதாரண மாறுமின்சார ஏ.சி. பம்பே போதும், படுக்கையறை என்றால் டி.சி. கூம்பு வடிவ உடலில் நுரை சலசலப்பில்லாமல் ஒன்றுகூடும் என்பது உண்மை, அதற்காக அதிகக் காசு கொடுக்குமளவு அல்ல. ஜெர்மனியின் டுன்ஸ, டெல்டெக் ஆனாலும், சீனாவில் செய்யும் பபிள் மேகஸ் ஆனாலும், உன் ஊர்க் கடையில் பம்புக்குள் சுழலும் அந்தச் சக்கரத்துக்கு மாற்று (இம்பெல்லர் என்பார்கள்) கிடைக்கிறதா என்று முதலில் கேள். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால் வேறு மாடலைப் பார்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். சாத்திய அறையில் நாம் விடும் மூச்சிலேயே கரியமிலவாயு ஏறும். ஸ்கிம்மர் அதே காற்றை இழுத்துத் தண்ணீரில் கலந்தால் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். இறங்கும். என் தொட்டியில் காலையில் 7.8க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. காற்றுக்குழாயை நீட்டி ஜன்னல் கம்பிக்கு வெளியே விட்டேன், ஒரே வாரத்தில் 8.1க்கு வந்தது. என்ன புத்திசாலித்தனம் என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். இங்கே டெங்குக் கொசுவுக்கு மருந்துப் புகை அடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு காலை நான் அலுவலகத்தில் இருக்கும்போது கீழே புகை அடித்திருக்கிறார்கள். மாலை வந்து பார்த்தால் மீன்கள் நன்றாக இருக்கின்றன, சுத்தக்கார இறால் இரண்டும் மல்லாந்து கிடக்கின்றன. அந்த வகை மருந்து இறால், நண்டு வகைகளுக்கு விஷம். குற்றத்தை நிரூபிக்க என்னிடம் சாட்சி இல்லை, சந்தேகமும் இல்லை. இப்போது குழாயின் வாயில் கரி வடிகட்டி இருக்கிறது, புகை அடிக்கும் அறிவிப்பு ஒட்டினால் ஸ்கிம்மரையே நிறுத்திவிடுகிறேன். உனக்கு அங்கே கொசுப்புகை இல்லாவிட்டாலும் கோடையின் அனலும் புழுதியும் உண்டே. வெளிக்காற்றுக்குப் பதிலாக, கரியமிலவாயுவை உறிஞ்சும் சோடா லைம் குருணைகள் போட்ட குப்பியைக் காற்றுக்குழாயில் மாட்டிக்கொள்.

வாங்கி வந்ததும் வினிகர் கலந்த தண்ணீரில் ஓட்டிக் கழுவு. புது பிளாஸ்டிக்கின் பிசுக்குப் போக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும், அதுவரை திருகைத் தொடாதே. பிசுக்குள்ள தீனி போட்டால், அல்லது கைக்குப் பூசிய களிம்போடு தொட்டிக்குள் கைவிட்டால், நுரை சட்டென்று அமுங்கும். பேக்கரிச் சட்டம் இங்கேயும் செல்லும். நேர்மாறாக, பவளம் ஒட்டும் எப்பாக்சி பிசின் இருக்கிறதே, அது பட்டால் ஸ்கிம்மர் பேய் பிடித்ததுபோல் பொங்கும். ஒட்டுகிற அன்று கோப்பையை உயர்த்தி வைத்துவிடு, அல்லது பம்பை நிறுத்திவிடு. கழுத்தை மூன்று நாளைக்கு ஒருமுறையாவது துடை. அங்கே படியும் வழவழப்பே நுரையை ஏறவிடாமல் கெடுத்துவிடும். காற்று நுழையும் துளையில் உப்புப் பூக்கும், மாதம் ஒருமுறை வெந்நீர் விடு. கோப்பையில் சேர்வது கடுங்காப்பி நிறத்தில் இருக்கட்டும். லேசான தேநீர் நிறமென்றால் தண்ணீரைத்தான் அள்ளிக்கொண்டிருக்கிறாய்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது தொட்டியையும் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தாய். கண்ணாடியைக் கொண்டுபோ, ஸ்கிம்மரைக் கொண்டுபோ. கல் பவளம் எதுவும் கூடாது. பாறை கட்டும் பவள உயிர்களை 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. நாம் சிறுவர்களாக இருந்தபோது சுண்ணாம்புக் காளவாய்க்கென்று அதையே வள்ளம் வள்ளமாக வெட்டிக்கொண்டு வந்து கரையில் கொட்டினார்கள். வெள்ளையாக, கவிச்சி வாடையோடு கிடந்த அந்தக் குவியல்மேல் ஏறி நின்று நீ பட்டம் விட்டாய். அது ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. இப்போது இங்கே உட்கார்ந்து, விரல் நீளப் பவளம் ஒன்று ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தது என்று அளவுகோல் வைத்துப் பார்க்கிறேன். சில இரவுகளில் அந்தக் குவியல் ஞாபகத்துக்கு வருகிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்று. இன்றே அலமாரிக் கதவைத் திறந்து, சம்ப்பின் அடியிலிருந்து மேல் பலகைவரை டேப் வைத்து அளந்து எனக்கு எழுது. கோப்பையைத் தூக்க 10 செ.மீ. விட்டுவிட்டு அளவைச் சொல். அதற்குப் பொருந்துகிற இரண்டு மூன்று மாடல்களை நான் பார்த்து எழுதுகிறேன். அதுவரை காசைக் கையில் வை.

தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு என் அன்பு.

உன்,
முருகேசன்

பின்குறிப்பு: கோப்பையை அடுக்களைத் தொட்டியில் கழுவாதே. ஒரே ஒருமுறை அவசரத்தில் கழுவினேன். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.